வேலைக்கு வராதவர் யார் என்று கேளுங்கள்

கேள்வி: நான் ஊட்டியில் சமூகப்பணி முதுகலை படிக்கிறேன். என் சித்தி பதினைந்து வருடம் கேரட், உருளைக்கிழங்கு தோட்டங்களில் கூலி வேலை செய்தவர். இப்போது இரு கை விரல்களும் வீங்கிவிட்டன. முடக்குவாதம், அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய் என்கிறார் டாக்டர். பூச்சிமருந்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று ஆய்வேடு எழுத நினைக்கிறேன். எங்கள் பக்கத் தோட்டங்களில் வேலை செய்யும் 50 பெண்களுக்கு ஏ.என்.ஏ. ரத்தப் பரிசோதனை (உடலின் செல்களையே தாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது) செய்தால் போதுமா, டாக்டர் அம்மா?
- ஒரு மாணவி, கேத்தி

பதில்: போதாது. கோபித்துக்கொள்ளாதீர்கள். நாற்பது வருடத்துக்கு முன்னால் ஏறக்குறைய இதே தவறை நானே செய்திருக்கிறேன். அப்போது கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து மருந்தகத்தில் வேலை. கொழுந்து எடை போடும் இடத்தில் வரிசையாக நின்ற பெண்களின் விரல் மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். ஒருவருக்கும் முடக்குவாதம் இல்லை என்று பெருமையாக நோட்டில் எழுதிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற கங்காணி, “கை மடங்காதவர்கள் எல்லாம் லயத்து வீட்டில்தானே இருக்கிறார்கள், அம்மா” என்றார். கொழுந்து பறிக்க முடியாதவள் எடை போட ஏன் வரப்போகிறாள்? டாக்டருக்குப் படித்த எனக்கு அது தோன்றவில்லை.

உங்கள் சித்தியும் இன்று தோட்டத்தில் இல்லை, வீட்டில் இருக்கிறார். ஆகவே நீங்களும் வீடு வீடாகப் போங்கள். ‘முன்பு வேலைக்கு வந்து இப்போது வராமல் இருப்பவர் யார், எதனால் நின்றார்’ என்று உங்கள் ஹட்டியில், அதாவது ஊரில், இரண்டு மூத்த பெண்களைக் கேட்டால் அரை மணி நேரத்தில் பட்டியல் கிடைத்துவிடும்.

அடுத்தது எண்ணிக்கை. முடக்குவாதம் நூறு பேரில் ஒருவருக்கோ, அதற்கும் குறைவாகவோ வருவது. 50 பேரைப் பார்த்தால் ஒருவர்கூட அகப்படாமல் போகலாம். மறுமுனையிலிருந்து தொடங்குங்கள். மருத்துவர் நோயை உறுதி செய்த பெண்களை முதலில் சேருங்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் அதே ஊரில், ஏறத்தாழ அதே வயதில், நோயில்லாத இருவரைத் தேடி, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள்.

ஊசியை மறந்துவிடுங்கள். ஏ.என்.ஏ. முக்கியமாக லூபஸ் (எதிர்ப்புச் சக்தி உடலின் பல உறுப்புகளைத் தாக்கும் நோய்) போன்றவற்றைத் தேடும்போது பார்ப்பது. ரத்தநீரை நாற்பது மடங்கு மட்டும் நீர்த்துப் பார்க்கும் 1:40 என்ற குறைந்த அளவில் அது நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களிலேயே நூற்றுக்கு முப்பது பேர் அளவுக்கு ‘பாசிட்டிவ்’ காட்டும். அத்தனை பெண்களின் தூக்கத்தையும் கெடுத்துவிட்டு நீங்கள் பட்டம் வாங்கிப் போய்விடுவீர்கள்! முடக்குவாதத்துக்கு ஆர்.எஃப்., ஆன்டி-சிசிபி என்று வேறு பரிசோதனைகள் உண்டு. அவற்றை எழுத வேண்டியவர் சிகிச்சை தரப்போகிற மருத்துவர். கேள்வித்தாள் மட்டும் போதும் என்றாலும் கல்லூரியின் நெறிமுறைக் குழு அனுமதி வாங்கிய பிறகே வீடுகளுக்குப் போங்கள்.

தொடர்பு உண்டா என்றீர்கள். சந்தேகப்பட நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் 1993 முதல் மருந்து அடிப்பவர்கள் சுமார் 52,000 பேரையும் அவர்களின் வாழ்க்கைத் துணைகள் சுமார் 32,000 பேரையும் ஆய்வில் சேர்த்துத் தொடர்ந்து கவனித்தார்கள். அந்தத் துணைவியரில் மேன்கோசெப், மேனெப் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்துகளைக் கையாண்டவர்களுக்கு முடக்குவாத வாய்ப்பு மூன்று மடங்குக்கும் மேல் என்று 2016இல் எழுதினார்கள். மேன்கோசெப் என்றால் நம் மலையில் யாருக்கும் தெரியாது. ‘எம் 45’ என்றால் உருளைக்கிழங்குக் கருகலுக்கு அடிப்பது என்று சிறு பிள்ளைகூடச் சொல்லும். ஆனால் அந்த மருந்தைத் தொட்டு, நோயும் வந்தவர்கள் அங்கே சிலரே. சிறிய எண்ணிக்கையில் மடங்குகள் எளிதில் ஆடும். மாதவிடாய் நின்ற பெண்கள் சுமார் 77,000 பேரைக் கவனித்த இன்னொரு அமெரிக்க ஆய்வில், வருடத்துக்கு ஆறு முறையோ அதற்கு மேலோ தங்கள் கையாலேயே பூச்சிக்கொல்லியைக் கலந்தவர், தெளித்தவர்களுக்கு முடக்குவாதமோ லூபஸோ வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்காக இருந்தது. இரண்டுமே சந்தேகத்தை வலுப்படுத்துகின்றன. சித்திக்கு அதனால்தான் வந்தது என்று இவற்றை வைத்து யாரும் சொல்ல முடியாது, நீங்களும் எழுதாதீர்கள்.

கேள்வித்தாளில்தான் உங்கள் உழைப்பு முழுவதும் போக வேண்டும். ‘மருந்து அடித்தீர்களா?’ என்று கேட்டால் பெண்கள் இல்லை என்பார்கள். டேங்க்கை முதுகில் மாட்டுவது ஆண். தண்ணீர் சுமந்து வந்து ஊற்றியது யார், குச்சியால் கலக்கியது யார், அன்று மாலை அந்தச் சட்டையைத் துவைத்தது யார், அடித்த மறுநாள் களை எடுத்தது யார் என்று பிரித்துக் கேளுங்கள். நோய் வந்தவர் காரணம் தேடித் தேடி ஒவ்வொன்றாக நினைவுபடுத்திக்கொள்வார், நோயில்லாதவர் மறந்திருப்பார். எனவே நினைவை மட்டும் நம்பாமல், கொட்டகையில் கிடக்கும் காலி பாக்கெட்டுகளையும் கடைப் பில்லையும் பாருங்கள்.

முடக்குவாதத்துக்குப் ‘காலை விறைப்பு’ ஓர் அடையாளம் என்று புத்தகத்தில் இருக்கும். கேரட் பிடுங்கப் போகிறவர் நள்ளிரவுக்கு மேல் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போகிறார். மூட்டை மேட்டுப்பாளையம் மண்டிக்கு நேரத்தோடு போயாக வேண்டும். அவரிடம் ‘காலையில் கை விறைக்கிறதா?’ என்றால், காலை எட்டு மணியை நினைத்து இல்லை என்பார். ‘தூங்கி எழுந்ததும்’ என்று கேளுங்கள். ஒரு மணி நேரமாவது விரல் மடங்கவில்லை, ஆறு வாரமாக வீக்கம் இருக்கிறது என்றால் உங்கள் படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு, அவரை மருத்துவரிடம் அனுப்புங்கள்.

பீடியைப் பற்றியும், முன்பு கல் உடைக்கும் வேலைக்குப் போனாரா என்பதையும் கேட்க மறக்க வேண்டாம். புகையிலைப் புகையும் கல்தூளும் இந்த நோயோடு சேர்த்துப் பேசப்படுகிறவை. விட்டுவிட்டால் அந்தப் பழியும் எம் 45 மேல் விழும்.

கேள்வி: என் மாமியாருக்கு முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரம் ஒருமுறை என்று எழுதியிருக்கிறார்கள். வலி தாங்காமல் தினமும் கேட்கிறார். கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, மஞ்சூர்

பதில்: கூடவே கூடாது. தினமும் போட்டால் வாய் புண்ணாகும், ரத்த அணுக்கள் குறையும், உயிருக்கே ஆபத்து. மருந்துக்கடைக்காரர் உறையில் ‘தினம் ஒன்று’ என்று எழுதிக் கொடுத்து, பாதி வாரத்தில் வாயெல்லாம் வெந்து வந்த ஒரு பாட்டியை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் ஊர்ச் சந்தை நாளை மாத்திரை நாளாக வைத்துக்கொள்ளுங்கள், சந்தை மறக்காது. ஃபோலிக் ஆசிட் மாத்திரை அந்த நாளில் வேண்டாம், டாக்டர் சொன்ன வேறு நாளில் கொடுங்கள். இது முழுப் பலன் தர ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை வலிக்கு என்ன தரலாம் என்று எழுதிக் கொடுத்த டாக்டரிடமே கேளுங்கள். இதுவரை கூடுதலாக ஒரு மாத்திரை கொடுத்திருந்தாலும் மறைக்காமல் இன்றே போய்ச் சொல்லிவிடுங்கள்.