வாசகர் கேள்வி: காட்டில் விழுந்த ரோஸ் ரிப்பன்

கேள்வி: ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். நதானியல் ஹாதார்ன் எழுதிய ‘யங் குட்மேன் பிரவுன்’ சிறுகதைக்கு கைடில் ஒரு அட்டவணையே போட்டிருக்கிறார்கள். ரிப்பன் என்றால் தூய்மை, காடு என்றால் பாவம், கைத்தடி என்றால் சாத்தான், மனைவி ஃபெயித் என்றால் விசுவாசம். எல்லாம் மனப்பாடம், ஆனால் கதை மனசில் ஒட்டவே இல்லை. எங்கே தப்பு?
(மாணவி, திருச்சி)

பதில்: தப்பு உங்கள் மேல் இல்லை, கைடு மேல். பரீட்சைக்கு அந்த அட்டவணையை எழுதிவிட்டு வாருங்கள், மார்க் விழும். அப்புறம் அதை மறந்துவிட்டுக் கதையை இன்னொரு தரம் படியுங்கள்.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: 1600-களின் கடைசி, அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருக்கும் சேலம் (நம் மாம்பழச் சேலம் இல்லை, இது பைபிளிலிருந்து வைத்த பெயர்). ஊர் முழுக்க ப்யூரிட்டன்கள், அதாவது ஆட்டம் பாட்டம் எல்லாவற்றையும் சந்தேகமாகப் பார்க்கும் கண்டிப்பான புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள். கல்யாணமாகி மூன்றே மாதமான பிரவுன், ‘இன்றைக்கு ஒரு ராத்திரி மட்டும் போகாதீர்கள்’ என்று கெஞ்சும் மனைவியை விட்டுவிட்டு, ஏற்கெனவே பேசிவைத்த ஒரு சந்திப்புக்காகக் காட்டுக்குள் போகிறான். அங்கே காத்திருப்பவர் கையில் கறுப்புப் பாம்பு மாதிரி செதுக்கிய தடி. “லேட்டாக வருகிறாய், நான் பாஸ்டனில் மணி அடிக்கும்போது அந்தப் பக்கமாக வந்தேன், அது ஆகியே கால் மணி நேரம் ஆகிறது” என்கிறார். பாஸ்டனுக்கும் சேலத்துக்கும் சுமார் 25 கிலோமீட்டர், ஆள் வந்ததோ நடந்து! சாத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லாமலே யார் என்று காட்டிவிடுகிறார் ஹாதார்ன். வழியில் அந்த ஆள் பச்சையாக ஒரு மேப்பிள் கொம்பை ஒடித்து இலையை உருவுகிறார், விரல் பட்ட இடமெல்லாம் ஒரு வாரம் வெயிலில் கிடந்தது போல் காய்ந்து போகிறது. கைடில் இது இருக்கிறதா? இருக்காது, அட்டவணைக்குள் அடங்காது.

அப்புறம் பார்த்தால், சின்ன வயதில் பிரவுனுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த கிழவி அதே வழியில் வருகிறாள், ‘என் துடைப்பத்தை எவளோ திருடிவிட்டாள், அதனால் நடந்து வர வேண்டியதாகிவிட்டது’ என்று புலம்பிக்கொண்டு. சபையின் டீக்கனும் (சபையின் மூத்த ஊழியர்) போதகரும் பின்னாலேயே குதிரையில் போகிறார்கள், அதாவது அவர்கள் குரல் கேட்கிறது, ஆளைக் காணவில்லை. கடைசியாக ஒரு மேகம் தலைக்கு மேல் போகிறது, அதிலிருந்து மனைவியின் குரல், ஒரு ரோஸ் ரிப்பன் மிதந்து வந்து கிளையில் சிக்குகிறது. உடனே ‘மை ஃபெயித் இஸ் கான்!’ என்று கத்துகிறான். அந்த ஒரு வரியைத் தமிழில் கொண்டுவரவே முடியாது என்பது என் எண்ணம். ‘என் ஃபெயித் போய்விட்டாள்’ என்றால் மனைவி, ‘என் விசுவாசம் போய்விட்டது’ என்றால் மதம். ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே வரி. நமக்கோ வினைமுற்று வந்த உடனேயே ஆளா, பொருளா என்று முடிவுசெய்தாக வேண்டும். பிரவுனுக்கும் அந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, தன் பக்தி முழுவதையும் பெண்டாட்டி தலையில் கட்டி வைத்திருந்தான். அவன் காட்டில் கூத்தடித்துவிட்டு வருவானாம், அவள் மட்டும் வீட்டில் புனிதவதியாக உட்கார்ந்திருக்க வேண்டுமாம்.

ரிப்பன் தூய்மையின் சின்னமோ இல்லையோ, பிரவுன் கையில் அதுதான் சாட்சி. அந்த ஒரு முழ ரிப்பனை வைத்து அவளுக்குத் தீர்ப்பு எழுதிவிடுகிறான். மறுநாள் காலை ஊருக்குள் வந்தால், அதே ரிப்பனோடு தெருவில் துள்ளி ஓடி வருகிறாள், இவன் முறைத்துவிட்டுப் பேசாமல் போகிறான். ரிப்பன் எப்படித் திரும்பத் தலைக்கு வந்தது என்று ஒரு கேள்வி கேட்டானா? இல்லை.

கேள்வி: அவன் பார்த்ததெல்லாம் நிஜமா, கனவா?
(வாசகர், மதுரை)

பதில்: ஹாதார்னே இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, கனவென்று வைத்துக்கொள்ள விருப்பமென்றால் வைத்துக்கொள்ளுங்கள் என்று நழுவிவிடுகிறார். நழுவல் என்று நான் முன்பு எரிச்சல்பட்டதுண்டு. 1692-இல் அந்த ஊரில் நடந்ததைப் படித்த பிறகு எரிச்சல் போய்விட்டது.

அந்த வருஷம் சேலத்தில் சூனியக்காரிகள் என்று சொல்லி 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். வாதாட மறுத்த ஒரு கிழவரை நெஞ்சில் கல்லை அடுக்கிக் கொன்றார்கள். விசாரணையில் பெரிதாக எடுபட்டது உருவச் சாட்சி: ‘இந்த அம்மாவின் உருவம் ராத்திரி வந்து என்னைக் கிள்ளியது’ என்று ஒரு பெண் சொன்னால், அந்த அம்மா அப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாலும் அது சாட்சிதான். சாத்தான் அப்பாவி ஒருவரின் உருவத்தை எடுக்க முடியுமா முடியாதா என்று போதகர்களே அடித்துக்கொண்டார்கள். அக்டோபரில் ஆளுநர் அந்த நீதிமன்றத்தைக் கலைத்தார், அடுத்த ஜனவரியில் கூடிய புது நீதிமன்றம் உருவச் சாட்சியை ஏற்கவில்லை, பெரும்பாலானவர்கள் விடுதலையானார்கள்.

இப்போது கதைக்கு வாருங்கள். பிரவுன் காட்டில் கண்டதெல்லாம் உருவங்கள், நிழல்கள், குரல்கள். கிழவியின் பெயர் கதையில் குடி குளோய்ஸ் (‘குடி’ என்பது Goody, அந்தக் காலத்தில் கல்யாணமான பெண்களின் பெயருக்கு முன்னால் வரும் சொல்). 1692-இல் சாரா குளோய்ஸ் என்று நிஜமாகவே ஒருவர் சிறையில் கிடந்தார், அவருடைய அக்காமார் இரண்டு பேரைத் தூக்கில் போட்டார்கள். கனவா நிஜமா என்று தெரியாத ஒன்றை வைத்து ஊரையே குற்றவாளியாக்கலாமா என்பதுதான் அங்கே உயிர்போகும் கேள்வியாக இருந்தது. ஹாதார்ன் பதில் சொல்லியிருந்தால் அவரும் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்தவர் ஆகியிருப்பார். அவர் குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்தாயிற்று: கொள்ளுத்தாத்தாவின் அப்பா ஜான் ஹாதார்ன் அந்த வழக்குகளை விசாரித்தவர்களில் ஒருவர். அவருக்கும் முந்திய வில்லியம், குவேக்கர் (ப்யூரிட்டன்கள் துன்புறுத்திய இன்னொரு கிறிஸ்தவப் பிரிவு) பெண்களைச் சாட்டையால் அடிக்க உத்தரவிட்டவர். கதையில் சாத்தான் பிரவுனிடம், “உன் தாத்தா குவேக்கர் பெண்ணைத் தெருவில் அடித்தபோது கூடமாட உதவியது நான்தான்” என்று சொந்தம் கொண்டாடுகிறதே, அது எழுதியவரின் வீட்டுக் கதை. 1850-இல் வந்த தன் நாவலின் முன்னுரையில், முன்னோர்களுக்காகத் தான் வெட்கத்தை ஏற்றுக்கொள்வதாக வெளிப்படையாகவே எழுதினார்.

கேள்வி: சோதனை என்றால் பெண், பொன், பதவி என்று ஏதாவது ஆசை காட்ட வேண்டாமா? இதில் சாத்தான் என்னதான் கொடுக்கிறான்?
(வாசகி, நாகர்கோவில்)

பதில்: நல்ல கேள்வி. ‘எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்’ என்று ஜெபிக்கும்போது நாமும் பணம், சபலம் என்றுதான் நினைக்கிறோம். ரிப்பனுக்குப் பிறகு பிரவுன் போய்ச் சேர்வது ஊர்க்காரர்களும் அவன் மனைவியும் வந்திருக்கும் ஒரு காட்டுக் கூட்டம். அங்கே சாத்தான் காட்டும் ஆசை வேறு: அடுத்தவர் ஒளித்துவைத்த பாவமெல்லாம் இனி உங்களுக்குத் தெரியும் என்கிறான். எந்த வீட்டில், எந்தப் படுக்கையறையில் என்ன நடந்தது என்று மோப்பம் பிடித்துவிடலாம். பக்கத்து வீட்டு ரகசியத்துக்கு அலையாத ஊர் ஏது, சொல்லுங்கள்.

பாறையில் குழி, அதில் தண்ணீரா ரத்தமா என்று தெரியாத ஒன்று, அதைத் தொட்டு நெற்றியில் வைத்தால் ஞானஸ்நானம் முடிந்தது. பிரவுன் கடைசி நொடியில் மறுத்துவிடுகிறான், மேலே பார், சாத்தானை எதிர்த்து நில் என்று மனைவியைப் பார்த்துக் கத்துகிறான். கூட்டம் மறைகிறது. நெருப்பாய் எரிந்த கிளையிலிருந்து சில்லென்று பனித்துளி கன்னத்தில் தெறிக்கிறது. நெற்றியில் குறி வாங்கவில்லை, சரி. ஆனால் அந்தக் குறி தருவதாகச் சொன்னதை வாங்கிக்கொண்டுதான் ஊர் திரும்பினான். சபையில் சங்கீதம் பாடினால் அவன் காதில் பாவப்பாட்டு, நடுராத்திரியில் மனைவி பக்கத்திலிருந்து விலகிப் படுக்கிறான். பேரப்பிள்ளைகள் பார்த்த பிறகும் அப்படியே செத்தான், கல்லறைக் கல்லில் நம்பிக்கையாக ஒரு வரிகூட எழுதவில்லை.

கேள்வி: இதே மாதிரி அவருடைய வேறு கதை ஒன்று?
(வாசகர், ஈரோடு)

பதில்: ‘தி மினிஸ்டர்ஸ் பிளாக் வெயில்’. ஹூப்பர் என்ற போதகர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகத்தில் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டுக்கொண்டு சபைக்கு வருகிறார், ஏன் என்று சொல்வதில்லை. பிரவுன் ஊர் முகத்திலெல்லாம் பாவத்தைப் பார்த்தான், இவர் திரையைத் தன் முகத்தில் போட்டுக்கொள்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். கல்யாணத்துக்குப் பேசியிருந்த எலிசபெத், ஒரே ஒரு தடவை விலக்கிக் காட்டுங்கள் என்று கேட்டு, மறுத்ததால் பிரிந்தவள், கடைசியில் அவர் சாகக் கிடக்கும்போது தலைமாட்டில் இருக்கிறாள். இன்னொரு போதகர் துணியை எடுக்கக் கை நீட்ட, சாகிற கிழவர் போர்வைக்குள்ளிருந்து இரண்டு கையையும் வெளியே இழுத்து அதை இறுகப் பிடித்துக்கொள்கிறார்.