தீவுக்குப் போயும் ஓய்வு இல்லையென்றால்?

கேள்வி: ஏப்ரல் கடைசியில் குழந்தைகளுக்குப் பரீட்சை முடிந்ததும் அந்தமான் போகலாம் என்றிருக்கிறோம். நான், கணவர், 11 வயது மகள், 5 வயது மகன், முழங்கால் வலியுள்ள 68 வயது மாமியார். ஆறு இரவுகள். ஏஜென்ட் கொடுத்த திட்டத்தில் போர்ட் பிளேர், பாராடாங், ஹேவ்லாக், நீல் எல்லாம் இருக்கின்றன. போன வருஷச் சுற்றுலாவில் ஓடி ஓடியே களைத்துப்போனோம். இந்த முறை ஓய்வுதான் வேண்டும். என்ன செய்யலாம்?
– வாசகி, திருச்சி

பதில்: உங்கள் ஏஜென்ட் போட்டிருப்பது பார்த்துவிட்டு வருவதற்கான திட்டம், ஓய்வுக்கானது அல்ல. பாராடாங்கை முதலில் எடுத்துவிடுங்கள். அங்கே போகும் சாலையில் வாகனங்கள் காவல் துறைப் பாதுகாப்போடு வரிசையாகத்தான் போக முடியும். காலை முதல் வரிசையைப் பிடிக்க, அறையிலிருந்து மூன்று மணிக்கே கிளம்ப வேண்டியிருக்கும். ஐந்து வயதுப் பையனுக்கும் மாமியாருக்கும் அது தேவையில்லாத தண்டனை.

ஹேவ்லாக், நீல் இரண்டு தீவுகளில் ஒன்றே போதும். உங்கள் குடும்பத்துக்கு நீல். தீவு சிறியது, எங்கிருந்து எங்கு போனாலும் சில கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும், ஆட்டோ கிடைக்கும். ஒவ்வொரு முறை தீவு மாறும்போதும் பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து, படகுத்துறையில் ஒரு மணி நேரம் முன்னதாக நின்று, கப்பலேறி இறங்கி, அடுத்த அறை தயாராகும் வரை காத்திருக்க வேண்டும். ஒரு மாற்றத்துக்கு அரை நாள் போய்விடும். அதிலும் நீலைக் காலையில் இறங்கி மாலையில் கிளம்பும் இடமாகப் போடுவது மோசம். உச்சி வெயிலில் அறையில்லாமல் மூட்டை முடிச்சோடு கடற்கரையில் உட்கார்ந்திருப்பீர்கள்.

ஆறு இரவுகளை இப்படிப் பிரியுங்கள்: முதல் இரவு போர்ட் பிளேர், நடுவில் நான்கு இரவுகள் நீல், கடைசி இரவு மறுபடி போர்ட் பிளேர். கடைசி இரவை மட்டும் யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். கடல் கொந்தளித்தால் கப்பலை நிறுத்திவிடுவார்கள்; ஏப்ரல், மே வங்கக் கடலில் புயல் உருவாகும் மாதங்களும்கூட. விமானம் கிளம்பும் அதே நாளில் நீலிலிருந்து வருவதாக வைத்துக்கொண்டால், ஒரு கப்பல் ரத்தானாலே ஐந்து டிக்கெட்டும் போச்சு. தென்மேற்குப் பருவமழை வழக்கமாக மே மூன்றாம் வாரத்திலேயே அந்தமானைத் தொட்டுவிடுவதால், மே முதல் வாரத்துக்குள் திரும்பிவிடுவது நல்லது.

டிக்கெட் போடும்போது பெயரில் குழம்ப வேண்டாம். நீல் 2018 முதல் ஷஹீத் த்வீப். போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம். இரண்டு பெயர்களும் புழக்கத்தில் இருக்கின்றன. குழந்தைகளின் ஆதார் அட்டை உட்பட எல்லோருடைய அசல் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

தனியார் கப்பல்கள் வேகமானவை, ஆனால் மூடிய ஏசி கூடம். குமட்டும் ஆட்களுக்கு அது ஒத்துக்கொள்ளாது. நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் இடம் கேளுங்கள். முன்பக்கம்தான் அதிகம் தூக்கிப் போடும். வெறும் வயிற்றோடு ஏறாமல் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். வாந்தி மாத்திரை கப்பல் கிளம்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே உள்ளே போக வேண்டும். குமட்டல் வந்தபின் போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். மகனுக்கான அளவை உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். நீல் படகுத்துறை நீளமானது. மாமியாருக்குச் சக்கர நாற்காலியோ வண்டியோ கிடைக்குமா என்று விடுதியில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இனி முக்கியமான விஷயம், ஓதம், அதாவது கடல் ஏறுவதும் வற்றுவதும். நீலின் கரைகள் பெரும்பாலும் பவளத்திட்டின் மேல் இருப்பவை. கடல் வற்றும்போது நீர் வெகுதூரம் உள்வாங்கிப் பாறையும் செத்த பவளமும் வெளியே தெரியும். அந்த நேரத்தில் போய் நின்றுவிட்டு, "படத்தில் பார்த்த நீலக் கடல் எங்கே?" என்று ஏமாறுபவர்கள் நிறைய. குளிக்க வேண்டுமானால் ஏற்றத்தின் உச்சத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னும் பின்னும்தான். போர்ட் பிளேரின் ஓத அட்டவணை இணையத்தில் கிடைக்கும். ஏற்றம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும்: இன்று காலை 7 மணிக்கு உச்சம் என்றால் நாளை 7.50 வாக்கில்.

வீட்டுக் காலண்டரும் இதற்கு உதவும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். அஷ்டமியை ஒட்டி இரண்டுமே குறைவு. நீலின் லக்ஷ்மண்பூர் கரையில் இருக்கும் இயற்கைப் பாறைப் பாலத்தைப் பார்க்க நல்ல வற்றம் வேண்டும், அதனால் அமாவாசை அல்லது பௌர்ணமிக்கு ஓரிரு நாள் முன்பின் ஒரு நாள் உங்கள் நான்கு நாட்களுக்குள் விழுமாறு பயணத்தை வைத்தால் சிறப்பு. அங்கே வழி முழுக்க வழுக்கும் பாறை. மாமியார் வரவே வேண்டாம். அவருக்கு நீலிலேயே இருக்கும் பரத்பூர் கரையின் நிழல் போதும். நீங்கள் ரப்பர் அடியுள்ள செருப்போடு போய், நீர் ஏறத் தொடங்கும் முன் திரும்பிவிடுங்கள்.

நாட்டுக்கெல்லாம் ஒரே கடிகாரம் என்பதால், கிழக்கே வெகுதூரம் தள்ளியிருக்கும் அந்தமானில் திருச்சியைவிடச் சுமார் ஒரு மணி நேரம் முன்பே விடியும், முன்பே இருட்டும். ஏப்ரல் கடைசியில் காலை 5 மணிக்கே வெளிச்சம், மாலை ஐந்தரைக்கு அஸ்தமனம். இதற்கேற்ப வீட்டு நேரத்தையும் மாற்றுங்கள். காலையில் ஐந்தரைக்கு வெளியே வந்து ஒன்பதரைக்கு அறைக்குத் திரும்பினால் கொளுத்தும் வெயிலைத் தூங்கியே கழித்துவிடலாம். மறுபடி மூன்றரைக்குக் கிளம்பி லக்ஷ்மண்பூரில் அஸ்தமனம் பார்த்துவிட்டு எட்டரைக்குப் படுத்துவிடுங்கள். ஒரு டார்ச் அவசியம். சின்ன உணவகங்களில் சொன்ன பிறகுதான் சமைப்பார்கள்; மதியமே இரவுச் சாப்பாட்டைச் சொல்லிவிட்டால் பசியில் அழும் பையனோடு காத்திருக்க வேண்டியதில்லை.

குழந்தைகள் தண்ணீரில் இறங்குகையில் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் நிற்க வேண்டும். கையில் மாட்டும் காற்றுப் பைகளை நம்பாதீர்கள், அளவான லைஃப் ஜாக்கெட்தான் சரி. பரத்பூரில் படகுகளும் ஜெட் ஸ்கீயும் ஓடும் பக்கத்தை விட்டு விலகியே இருங்கள். மகளுக்கு நீருக்கடியில் பார்க்க உதவும் ஸ்நார்க்கல் முகமூடி வாடகைக்கு எடுக்கும்போது, பட்டையைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுக்கச் சொல்லுங்கள். கையை எடுத்தும் ஒட்டி நின்றால் அளவு சரி. முடி உள்ளே சிக்கினால் தண்ணீர் கசியும். பவளம் கீறினால் நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டு உடனே நன்றாகக் கழுவி மருந்து தடவுங்கள். துகள் உள்ளே தங்கினால்தான் சீழ் வைக்கும். விடியலிலும் அந்தியிலும் ஈர மணலில் மணல் ஈக்கள் கடிக்கும். வெறும் மணலில் உட்காராதீர்கள். கடித்த இடத்தைச் சொறியாமல் கலமைன் தடவுங்கள். சதுப்புநிலக் கழிகளின் பக்கம் போகவே வேண்டாம், அந்தமானில் உவர்நீர் முதலைகள் உண்டு. கரையில் கிடக்கும் பவளத் துண்டை மகன் பையில் போட்டுக்கொள்ளாமல் பாருங்கள்; பவளம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது, விமான நிலையச் சோதனையில் சிக்கும்.

அறைக்கு முன்பணம் கட்டும் முன் விடுதிக்கு நேராகப் பேசி நான்கு கேள்விகள் கேளுங்கள்: தரைத்தள அறை உண்டா, வெஸ்டர்ன் கழிப்பறையா, மின்சாரம் போனால் ஏசிக்கும் ஜெனரேட்டர் ஓடுமா, வற்றத்திலும் அவர்கள் கரையில் குளிக்க முடியுமா. கடைசிக் கேள்விக்கு "எப்போதும் குளிக்கலாம்" என்று பதில் வந்தால், வற்ற நேரத்தில் எடுத்த ஒரு படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். மாமியாரின் மாத்திரைகளை இரண்டு நாள் கூடுதலாகவே எடுத்துச் செல்லுங்கள். தீவில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, பெரிய வைத்தியம் என்றால் போர்ட் பிளேர்தான். தீவு ஏடிஎம்மை நம்பாமல் நான்கு நாள் செலவுக்கான ரொக்கத்தைப் போர்ட் பிளேரிலேயே எடுத்துக்கொண்டு கப்பலேறுங்கள்.