சேலம், ஏற்காடு அரசுத் தொடக்கப் பள்ளிகள்: பெற்றோர் கேள்விகளும் டீச்சரின் பதில்களும்

ஏற்காடு மலையிலும் சேலம் சுற்றுவட்டாரத்திலும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை பதில் சொல்கிறார்.

கொண்டலாம்பட்டி, ஒரு அப்பா: டீச்சர், பக்கத்துப் பள்ளியில் போன வருடம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் தமிழ் வாசித்தார்களாம். இந்த வருடம் 75 சதவீதம்தான் என்கிறார்கள். பள்ளி கெட்டுப்போச்சா?

வகுப்பில் எத்தனை பேர் என்று முதலில் கேளுங்க. எட்டுப் பேர் இருக்கும் வகுப்பில் இரண்டு பேர் தடுமாறினாலே 75 சதவீதம்தான். அந்த இரண்டு பேரும் ஜனவரியில் வந்து சேர்ந்த செங்கல் சூளைப் பிள்ளைகளாக இருக்கலாம், வீட்டில் ஒடியாவோ இந்தியோ பேசுகிறவர்களாக இருக்கலாம். அவர்களைச் சேர்த்துக்கொண்டதற்காகப் பள்ளிக்கு மதிப்பெண் குறைப்பீர்களா? என்னைக் கேட்டால் கூட்டித்தான் போடுவேன்.

இந்த வருட ஐந்தாம் வகுப்பைப் போன வருட ஐந்தாம் வகுப்போடு ஒப்பிடவே கூடாது. இதே பிள்ளைகள் மூன்றாம் வகுப்பில் எப்படி வாசித்தார்கள், இப்போது எப்படி வாசிக்கிறார்கள் என்றுதான் பார்க்க வேண்டும். அதைப் பார்க்க ஆபீசருக்கு மனுப் போட வேண்டியதில்லை. முந்தின வகுப்புப் பாடப் புத்தகத்தில் நடத்தாமல் விட்ட ஒரு பக்கத்தை எடுத்து வாசிக்கச் சொல்லுங்க. தெரிந்த பாடமாக இருந்தால் விரல் ஒரு வரியில் நிற்கும், வாய் அடுத்த வரிக்குப் போய்விடும். மனப்பாடம் அங்கேயே தெரிந்துவிடும். கணக்கில் 52-லிருந்து 17-ஐக் கழிக்கச் சொல்லுங்க. 45 என்று எழுதினால், கடன் வாங்கிக் கழிப்பது இன்னும் பிடிபடவில்லை. 2-லிருந்து 7 போகாது என்றதும் 7-லிருந்து 2-ஐக் கழித்துவிட்டான். அப்புறம் டீச்சரிடம் போய்ப் பேசினால் பேச்சில் ஒரு பொருள் இருக்கும்.

அழகாபுரம், ஒரு அம்மா: தேசிய அளவில் தேர்வு வைத்து மாவட்டவாரியாக முடிவு போடுகிறார்களே, அதில் எங்கள் பள்ளி எங்கே நிற்கிறது?

அதில் உங்கள் பள்ளியைத் தேடாதீங்க. நீங்கள் சொல்லும் தேசியத் தேர்வு, 2024 டிசம்பரில் நடந்த 'பரக்' ஆய்வு, 3, 6, 9-ஆம் வகுப்புகளுக்கானது. மாதிரிக்காகத் தேர்ந்தெடுத்த பள்ளிகளில் மட்டும் நடந்தது. தொண்டு நிறுவனம் எடுக்கும் 'ஏசர்' ஆய்வு கிராமத்து வீடுகளுக்குப் போய்ப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிப்பது, அழகாபுரம் பக்கமே வராது. மாவட்டத்தின் போக்கைத்தான் அவை சொல்லும். பள்ளியைப் பற்றி வேண்டுமென்றால் ஒவ்வொரு பள்ளிக்கும் அடையாளமாகக் கொடுத்திருக்கும், 33-இல் தொடங்கும் 11 இலக்க யு-டைஸ் எண்ணை அலுவலகத்தில் கேட்டு வாங்கி இணையத்தில் போட்டுப் பாருங்க. எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள், எத்தனை அறைகள் என்பதெல்லாம் வரும்.

நாகலூர், ஒரு அப்பா: எங்கள் பள்ளியில் அத்தனை பேரும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள். இரண்டே டீச்சர். கீழே சேலத்துப் பள்ளி அளவுக்கு வருமாங்க?

பிள்ளைகளால் எந்தக் குறையும் இல்லைங்க. வீட்டில் பேசுவது தமிழ்தான், பேச்சு வழக்குதான் கொஞ்சம் வேறு. முதல் வகுப்பில் அதைக் கிண்டல் செய்யாத டீச்சர் கிடைத்தால் போதும், வாய் திறந்துவிடும்.

உண்மையான சிக்கல் வேறு இரண்டு. ஒன்று, ஆள் கணக்கு. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர்கள். கீழே சமவெளியில் அது சரி என்று தோன்றும். மலையில் இரண்டு பேர் ஐந்து வகுப்பைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒருவர் மீட்டிங்குக்குக் கீழே இறங்கிவிட்டால் அன்றைக்கு ஐந்தும் ஒருவர் தலையில்.

இன்னொன்று, காப்பிப் பழம் பறிக்கும் காலம். கார்த்திகையில் தொடங்கித் தை வரைக்கும் அப்பா அம்மா இரண்டு பேரும் எஸ்டேட்டுக்குப் போய்விடுவார்கள். நான்காம் வகுப்புப் பெண் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டில் நிற்கும். "எங்கம்மா ஸ்கூல்?" என்றால் "இவன் அழுவான் டீச்சர்" என்று பதில் வரும். தம்பியையும் தூக்கிக்கொண்டு வா என்றுதான் சொல்வேன். விதிப்படி அது சரியா என்று இப்போது கேட்காதீங்க. கூட்டல் பாதியில் நின்று பெருக்கலுக்கு வந்து சேரும் பிள்ளைக்கு எந்தப் பெருக்கல் ஏறும்? ஆகவே வருகைப் பதிவேட்டை மாதவாரியாகப் பாருங்க. வருடச் சராசரி இந்த ஓட்டையை மூடி மறைத்துவிடும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தானே? தம்பி தங்கையை அங்கன்வாடியில் விட்டுவிட்டுப் பிள்ளை பள்ளிக்கு வர முடிகிற மாதிரி, பறிப்புக்கு முன்னாலேயே அங்கன்வாடி நேரத்தைப் பற்றிப் பேசி வையுங்க.

அம்மாப்பேட்டை, ஒரு அம்மா: எண்ணும் எழுத்தும் வகுப்பில் என் பையனை 'அரும்பு' குழுவில் போட்டிருக்கிறார்கள். வீட்டில் சௌராஷ்டிரா பேசுவதால் ஒதுக்கிவிட்டார்களோ?

இல்லைங்க. தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிப்பும் கணக்கும் ஏற வேண்டும் என்று 2022-இல் வந்த அரசுத் திட்டம் அது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை இப்போது நிற்கும் இடத்தைப் பார்த்துப் பிரிப்பார்கள். வீட்டுமொழிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஒரு பருவம் முழுக்க அரும்பிலேயே இருந்தால் சும்மா இருக்காதீங்க, என்ன செய்கிறீர்கள் என்று நேராகக் கேளுங்க. வீட்டில் சௌராஷ்டிராவை நிறுத்தவும் வேண்டாம். உங்கள் தெருவிலேயே அப்படிப் பேசி வளர்ந்து தமிழில் வெளுத்துக் கட்டுகிறவர்கள் எத்தனை பேர்!

சிவதாபுரம், ஒரு தாத்தா: பேரன் மூன்றாவது. எழுத்தே கூட்ட வராமல் நான்காவதுக்குத் தூக்கிப் போடுவார்களா?

போடுவார்கள் ஐயா. எட்டாம் வகுப்பு வரை நம் மாநிலத்தில் யாரையும் நிறுத்துவதில்லை. நிறுத்தி வைத்தால் அவன் கொலுசுப் பட்டறைக்குத்தான் போவான், புத்தகத்துக்குத் திரும்ப மாட்டான். அதனால் தேர்ச்சிப் பட்டியலை நம்பி இருக்காதீங்க, மேலே சொன்ன வாசிப்புச் சோதனையை நீங்களே வையுங்க.

ஏற்காடு, ஒரு அம்மா: காலை உணவுத் திட்டத்தால் படிப்பு கூடுமா?

காலையில் முதல் பாடவேளையில் பிள்ளை தூங்கி வழியாது. ஒரு கப் காப்பியைக் குடித்துவிட்டு வரும் பிள்ளைகளை வருடக்கணக்காகப் பார்த்தவள் சொல்கிறேன், அதுவே பெரிய விஷயம்.

ஓமலூர், ஒரு அப்பா: மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கிடைக்க ஒன்றாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டுமா?

தேவையில்லை. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. அதை மட்டும் கணக்குப் போட்டு ஐந்து வருடம் தனியாருக்குக் கடன் வாங்கிக் கட்டாதீங்க. பக்கத்து அரசுப் பள்ளிக்கு ஒரு நாள் காலையில் போய்ப் பாருங்க, பிரேயர் முடிந்து அரை மணி நேரம் கழித்து. எல்லா வகுப்பிலும் பாடம் நடந்துகொண்டிருந்தால் சேர்த்துவிடுங்க.