வீட்டில் போடும் ஓல்ட் ஃபேஷன்டு ஏன் நீர்த்துப் போகிறது?

கேள்வி: பெங்களூரில் வேலை பார்க்கிறேன். பாரில் குடித்துப் பிடித்துப்போய், வீட்டிலேயே ஓல்ட் ஃபேஷன்டு, விஸ்கி சவர் என்ற இரண்டு விஸ்கி காக்டெயில்களையும் செய்து பார்க்கிறேன். ஓல்ட் ஃபேஷன்டு முதல் வாய் தொண்டையை எரிக்கிறது, பத்து நிமிடத்தில் சப்பென்று ஆகிவிடுகிறது. சவர் ஒரு நாள் ஒரே புளிப்பு, ஒரு நாள் வெறும் ஜூஸ். கையில் ஒரு பர்பன், ஒரு பிளெண்டட் ஸ்காட்ச், பரிசாக வந்த புகை வாசமுள்ள ஒரு சிங்கிள் மால்ட் இருக்கின்றன. இதைவிட நல்ல பாட்டில் வாங்கினால் சரியாகுமா? வரும் சனிக்கிழமை நண்பர்கள் ஆறு பேர் வருகிறார்கள், அதற்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்:

புது விஸ்கி பாட்டில் எதுவும் வாங்காதீர்கள். இருக்கிற மூன்றே தாராளம். நீங்கள் சொல்கிற எரிச்சலும் சப்பென்று ஆவதும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன, அது தண்ணீர். காக்டெயிலில் தண்ணீர் தவறிப்போய்ச் சேருவது இல்லை, நாம் அளந்து சேர்க்க வேண்டிய பொருள் அது. ஐஸ் வழியாகச் சேர்க்கிறோம், அவ்வளவுதான். 1806 மே மாதம், நியூயார்க் மாநிலத்து ஹட்சன் நகரப் பத்திரிகை ஒன்றிடம் காக்டெயில் என்றால் என்ன என்று ஒரு வாசகர் கேட்டார். ஆசிரியர் தந்த பதிலில் இருந்தவை நாலே பொருள்: ஏதாவது ஒரு மது, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் (சொட்டுக் கணக்கில் சேர்க்கும் கசப்பு மூலிகைச் சாரம்). இன்றைய ஓல்ட் ஃபேஷன்டு அப்படியே அதுதான். அந்தத் தண்ணீரை நாம் மறந்துவிடுகிறோம்.

உங்கள் வீட்டில் நடப்பதை யூகிக்கிறேன். டம்ளரில் விஸ்கி, சர்க்கரை, பிட்டர்ஸ் ஊற்றி, நாலு சின்ன ஐஸ் கட்டி போட்டு, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உடனே வாயில் வைக்கிறீர்கள். அப்போது அது இன்னும் அறைச் சூட்டில் இருக்கும் 40 சதவீத ஆல்கஹால், எரிக்கத்தான் செய்யும். அதற்குள் அந்தச் சின்னக் கட்டிகள் கரைய ஆரம்பித்து, நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே டம்ளரை நிரப்பிவிடுகின்றன. செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர். முதலிலேயே நன்றாகக் கலக்கி, வேண்டிய குளிரையும் வேண்டிய தண்ணீரையும் கொடுத்துவிட வேண்டும், பிறகு மெதுவாகக் கரையும் பெரிய கட்டி ஒன்றின் மேல் அதை ஊற்றி வைக்க வேண்டும்.

ஐஸ் கரையாமல் மது குளிராது. கரையும்போதுதான் ஐஸ் சூட்டை உறிஞ்சுகிறது, ஒரு கிராம் கரைய சுமார் 80 கலோரி வெப்பம் வேண்டும். ஐஸின் உருகுநிலை 0 டிகிரி என்றாலும், சரியாகக் குலுக்கிய சவர் அதற்கும் சில டிகிரி கீழே போய்விடும். குல்ஃபி வண்டிக்காரர் ஐஸில் உப்பைப் போட்டுக் குளிரைக் கூட்டுகிறாரே, அங்கே உப்பு செய்கிற வேலையை இங்கே ஆல்கஹால் செய்கிறது. ஆகவே "ஐஸ் கரைந்தால் வீணாகிவிடுமே" என்று கலக்குவதைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

ஐஸ் போட வீட்டுத் தண்ணீர் உப்பாக இருந்தால் கேன் தண்ணீர் எடுங்கள். ஃப்ரீசரில் மீனும் கறிவேப்பிலையும் இருக்கும் தட்டில் ஐஸை மூடாமல் வைத்தால் அந்த வாசமெல்லாம் டம்ளருக்குள் வந்து சேரும், மூடி வையுங்கள். பெரிய கட்டிக்கு அச்சு வாங்கத்தான் வேண்டும் என்றில்லை, மூடியுள்ள சின்ன டப்பாக்களில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி வைத்தாலே வரும் (உறையும்போது விரியும், நிரப்பிவிடாதீர்கள்). கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்க வேண்டும் என்று மெனக்கெடாதீர்கள், அது அழகுக்குத்தான், ருசியில் பெரிய வித்தியாசம் இல்லை. முக்கியமானது வேறொன்று: ஐஸை ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு பயன்படுத்துங்கள். பக்கெட்டில் போட்டு அரை மணி நேரம் மேசையில் வைத்த ஐஸின் மேல் ஏற்கெனவே தண்ணீர் படிந்திருக்கும், அது குளிர்விக்காமல் நீர்க்க மட்டும் செய்யும். இன்னொன்று, கலக்கும் பாத்திரத்தில் ஐஸை நிறையப் போடுங்கள். கஞ்சத்தனமாக நாலு கட்டி போட்டால்தான் எல்லாம் கரைந்து வழியும்.

சரி, ஓல்ட் ஃபேஷன்டு. இதற்கு உங்கள் பர்பன்தான். பர்பனில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும், உட்புறம் கரிந்த புது ஓக் பீப்பாயில் வைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம், அந்த வனிலா வாசமும் இனிப்பும் பெரும்பாலும் பீப்பாயிலிருந்து வருவது. 60 மி.லி. பர்பன், அதாவது ஒரு லார்ஜ், சர்க்கரைப் பாகு 5 மி.லி., ஆங்கோஸ்டுரா பிட்டர்ஸ் இரண்டு டேஷ் (பாட்டிலை ஒரு முறை உதறினால் விழுவது ஒரு டேஷ்). ஐஸ் நிறைந்த ஒரு பெரிய டம்ளரில் 20, 25 விநாடி நிதானமாகக் கலக்கி, வடிகட்டி, பெரிய கட்டி உள்ள டம்ளரில் ஊற்றுங்கள். சர்க்கரையை அப்படியே போடாதீர்கள், ஆல்கஹாலில் அது லேசில் கரையாது, கடைசி வாயில்தான் மொத்த இனிப்பும் கிடக்கும். இரண்டு பங்கு சர்க்கரை, ஒரு பங்கு தண்ணீர், எடைக்கு எடை, சூடாக்கிக் கரைத்து ஆறவைத்தால் பாகு ரெடி, ஃப்ரிட்ஜில் வாரக்கணக்கில் நிற்கும். என்னைக் கேட்டால் வெள்ளைச் சர்க்கரையைவிட நாட்டுச் சர்க்கரை பர்பனோடு இன்னும் நன்றாக ஒட்டுகிறது, மண் இருக்கும், துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். கருப்பட்டியும் போடலாம், ஆனால் அதன் வாசம் தூக்கலானது, அளவைக் குறைத்து ஆரம்பியுங்கள்.

பிட்டர்ஸை மட்டும் விட்டுவிடாதீர்கள். நீங்கள் செலவு செய்தே ஆக வேண்டும் என்றால் இதில் செய்யுங்கள். வெனிசுவேலாவின் ஆங்கோஸ்டுரா நகரில் யோஹான் சீகர்ட் என்ற ஜெர்மன் மருத்துவர் 1824-ல் உருவாக்கியது, இப்போது டிரினிடாடில் தயாராகிறது. ஒரு பாட்டில் வருடக்கணக்கில் வரும், 44.7 சதவீத ஆல்கஹால் என்பதால் ஃப்ரிட்ஜில்கூட வைக்க வேண்டாம். அது இல்லாத ஓல்ட் ஃபேஷன்டு வெறும் இனிப்பு விஸ்கி.

கடைசியில் ஆரஞ்சுத் தோல். நாக்பூர் கமலா ஆரஞ்சின் தோல் மெல்லியது, தளர்வானது, பீலரில் சீவினால் கிழியும். தோல் இறுகிய மால்டா வகை வாங்குங்கள். மெழுகு பூசியிருந்தால் வெந்நீரில் தேய்த்துக் கழுவிவிட்டு, உள்ளிருக்கும் வெள்ளைப் பகுதி வராமல் ஒரு பட்டை சீவி, வெளிப்புறம் டம்ளரைப் பார்க்கும்படி பிடித்து மடக்கிப் பிழியுங்கள். எண்ணெய் தெறிக்கும். அந்த வாசம்தான் பாரில் உங்களைக் கவர்ந்தது.

அப்புறம் சவர். இதில் உங்கள் சிக்கல் எலுமிச்சை என்று நினைக்கிறேன். அமெரிக்கச் செய்முறைகளில் வருவது மஞ்சளாக, பெரிதாக, தோல் தடித்த பழம், நம் சந்தையில் கிடைக்கும் சின்ன எலுமிச்சை வேறு ரகம், புளிப்பின் குணமே இன்னும் கூர்மையாக இருக்கும். ஒவ்வொரு பழத்திலும் வரும் சாறும் ஒன்றல்ல. "அரை மூடி பிழிந்தேன்" என்கிற கணக்கில் செய்தால் ஒரு நாள் போல இன்னொரு நாள் வராது. பெக் மெஷரிலோ மருந்து பாட்டிலோடு வரும் மி.லி. மூடியிலோ அளந்துவிடுங்கள். 60 மி.லி. விஸ்கிக்கு சாறு 20 மி.லி., சரிக்குச் சரி சர்க்கரையும் தண்ணீரும் போட்ட பாகு 25 மி.லி. என்று ஆரம்பித்து, உங்கள் நாக்குக்கு ஏற்ப 5 மி.லி. இப்படி அப்படி நகர்த்துங்கள். சாறு அன்றன்றைக்குப் பிழிந்ததாக இருக்கட்டும், பாட்டில் சாறு வேண்டவே வேண்டாம்.

ருசி பார்ப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஐஸ் போடுவதற்கு முன்னால் ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் எல்லாமே கொஞ்சம் அதிகமாக, முக்கியமாக இனிப்பு தூக்கலாக இருக்க வேண்டும். குளிர் இனிப்பை அமுக்கிவிடும், தண்ணீரும் சேரும். அறைச் சூட்டில் கச்சிதமாக இருந்தால் குலுக்கிய பிறகு புளிக்கும். உங்கள் "ஒரு நாள் புளிப்பு" பெரும்பாலும் இதனால்தான்.

ஷேக்கர் இல்லையென்றால் கவலை வேண்டாம். ஜிம்முக்குப் போகிறவர்கள் வைத்திருக்கும் புரோட்டீன் ஷேக்கர், புதிதாக ஒன்று இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள், அருமையாக வேலை செய்யும். கண்ணாடி ஜாடியில் ஐஸ் போட்டுக் குலுக்காதீர்கள், உடையும். 10, 12 விநாடி பலமாகக் குலுக்கி டீ வடிகட்டியில் வடித்தால் போதும். மேலே நுரை வேண்டுமானால் ஒரு முட்டையின் வெள்ளைக் கருவில் பாதி சேர்த்து, முதலில் ஐஸ் இல்லாமல் குலுக்குங்கள், பிறகு ஐஸ் போட்டு மறுபடி. ஐஸ் இல்லாத குலுக்கலில் மூடி பிய்த்துக்கொண்டு தெறிக்கும், இரண்டு கையாலும் அழுத்திப் பிடியுங்கள். பச்சை முட்டையில் சால்மொனெல்லா அபாயம் உண்டு, புதிய முட்டை இல்லையென்றால், அல்லது வருகிறவர்களில் முட்டை சாப்பிடாதவர்கள் இருந்தால், உப்புப் போடாமல் வேகவைத்த கொண்டைக்கடலைத் தண்ணீர் 20 மி.லி. அதே நுரையைத் தரும். நன்றாகக் கெட்டியாகும்வரை வற்றவிட்டு, ஆறவைத்து ஊற்றுங்கள்.

அந்தப் புகை வாச சிங்கிள் மால்ட்டை இதில் எதிலும் 60 மி.லி. கொட்டி வீணாக்காதீர்கள். அதைத் தனியாகக் குடியுங்கள், அல்லது பெனிசிலின் என்ற காக்டெயில் செய்யுங்கள். 2005-ல் நியூயார்க்கின் மில்க் அண்ட் ஹனி பாரில் சாம் ராஸ் உருவாக்கியது, புதுக் காக்டெயில்களில் இவ்வளவு சீக்கிரம் கிளாசிக் ஆனவை குறைவு. மிக்ஸியில் இஞ்சியை அரைத்துத் துணியில் பிழிந்து, அந்தச் சாற்றில் கொஞ்சம் சர்க்கரை கரைத்து வையுங்கள். தேனை வெந்நீரில் இளக்கிக்கொள்ளுங்கள். உங்கள் பிளெண்டட் ஸ்காட்ச் 60, எலுமிச்சை 20, தேன் 10, இஞ்சி 10, எல்லாம் மி.லி. கணக்கு, குலுக்கி ஐஸ் மேல் வடித்து, கடைசியாக அந்தச் சிங்கிள் மால்ட் ஒரு டீஸ்பூன் மேலாக மிதக்கவிடுங்கள். மூக்கில் புகை, வாயில் இஞ்சி. பாட்டிலும் நீண்ட நாள் வரும்.

சனிக்கிழமைக்கு வருவோம். ஆறு பேருக்கும் ஒவ்வொன்றாகக் குலுக்கிக்கொண்டிருந்தால் நீங்கள் யாரோடும் பேச முடியாது. மன்ஹாட்டன் என்ற காக்டெயிலை முன்கூட்டியே செய்து வையுங்கள். வழக்கமாக இதற்கு ரை என்ற தானியத்தில் செய்த விஸ்கி என்பார்கள், உங்கள் பர்பனில் கொஞ்சம் இனிப்பாக, நன்றாகவே வரும். ஒரு கிளாசுக்கு விஸ்கி 60, சிவப்பு இனிப்பு வெர்மூத் (மூலிகை சேர்த்த ஒயின்) 30, பிட்டர்ஸ் இரண்டு டேஷ். இதை ஐஸில் கலக்கினால் 90 மி.லி. என்பது 125-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அந்தக் கூடுதல்தான் தண்ணீர். (ஒரு முறை கலக்கி, வடித்து, திரும்ப அளந்து பாருங்கள், உங்கள் கை எவ்வளவு தண்ணீர் சேர்க்கிறது என்று தெரிந்துவிடும். 105-ல் தொடங்கும் சவர் 150-ஐத் தாண்டும்.) ஆக, ஆறு பேருக்கு 360 மி.லி. விஸ்கி, 180 மி.லி. வெர்மூத், 12 டேஷ் பிட்டர்ஸ், நல்ல குடிநீர் 200 மி.லி., மொத்தமும் ஒரு 750 மி.லி. காலிப் பாட்டிலில் அடங்கும். காலையிலேயே கலந்து ஃப்ரிட்ஜில் வைத்து, அவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஃப்ரீசருக்கு மாற்றுங்கள். இரவு முழுக்க ஃப்ரீசரில் விட்டால் கூழாகிவிடும், தண்ணீர் சேர்த்ததால் ஆல்கஹால் 25 சதவீதத்துக்குப் பக்கம்தான் இருக்கும். ஐஸே இல்லாமல் சின்னக் கிளாஸில் ஊற்றிக் கொடுக்கலாம். பேக்கரியில் விற்கும் சிவப்புச் செர்ரி பெரும்பாலும் சாயம் ஏற்றிய களாக்காய், அதைப் போடுவதற்கு ஆரஞ்சுத் தோலே மேல்.

வெர்மூத் ஒயின் ரகம். திறந்த பாட்டிலை அலமாரியில் மாதக்கணக்கில் வைத்திருந்து "மன்ஹாட்டன் எனக்குப் பிடிக்காது" என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். திறந்ததும் ஃப்ரிட்ஜ், ஒன்றிரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். சின்ன பாட்டில் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

ஒரு விஷயம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 60 மி.லி. விஸ்கியில் கிட்டத்தட்ட 20 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது, சவரிலும் பெனிசிலினிலும் அது நாக்குக்குத் தெரியாது, மூன்றாவது கிளாஸ் ஜூஸ் மாதிரி இறங்கும். யார் வண்டி ஓட்டப் போகிறார்கள், யார் தூக்க மாத்திரையோ சர்க்கரை மாத்திரையோ சாப்பிடுகிறார்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அவர்களுக்கு அதே தேன், இஞ்சி, எலுமிச்சையில் சோடா ஊற்றி, அதே அழகான டம்ளரில் கொடுங்கள்.

சனிக்கிழமைக்கு முன் ஒரு நாள் மாலை ஓல்ட் ஃபேஷன்டு மட்டும் ஒன்று போட்டுப் பாருங்கள், 25 விநாடியைக் கடிகாரம் பார்த்துக் கலக்குங்கள். இன்னும் எரிந்தால் 10 விநாடி கூட்டுங்கள், சப்பென்று இருந்தால் 5 குறையுங்கள். உங்கள் ஐஸுக்கும் உங்கள் கைக்கும் உரிய நேரம் அதில் தெரிந்துவிடும்.