நிச்சயமான ஜோடியைப் படம் எடுக்கப் போகிறீர்களா? ஸ்டூடியோ அக்காவின் பதில்கள்

(செங்கோட்டையில் அப்பா தொடங்கிய ஸ்டூடியோவை 27 வருடமாக நடத்திவரும் ஒளிப்படக் கலைஞர், வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

கேள்வி: என் அத்தை மகனுக்கு நிச்சயதார்த்தம் முடிந்துவிட்டது. பொண்ணு புனலூர். கல்யாண பேனருக்கும் அழைப்பிதழுக்கும் ஜோடியாகப் படம் எடுத்துத் தரச் சொல்கிறார்கள். நான் இதுவரை பூ, பறவைதான் எடுத்திருக்கிறேன். அவர்கள் இருவரும் மூன்று தடவைதான் நேரில் பார்த்திருக்கிறார்கள். என்னென்ன போஸ் சொல்ல வேண்டும்?
வாசகர், கடையநல்லூர்

பதில்: தம்பி, நீங்கள் கேட்டது போஸ். எனக்குக் கண்ணில் பட்டதோ 'மூன்று தடவைதான் பார்த்திருக்கிறார்கள்' என்ற வரி. உங்கள் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நான் தனியாகப் போய் எடுத்த முதல் ஜோடியை இன்றைக்கும் மறக்கவில்லை. குண்டாறு அணைப் பக்கம். அப்பா கொடுத்துவிட்ட ஒரே ஒரு ஃபிலிம் ரோல், 36 படம். பத்திரிகையில் பார்த்து வைத்திருந்த போஸ்களை வரிசையாகச் சொன்னேன். தோளில் கை போடுங்கள், கண்ணைப் பாருங்கள், நெற்றியோடு நெற்றி வையுங்கள். பாவம், சொன்னதையெல்லாம் செய்தார்கள். பிரிண்ட் போட்டுப் பார்த்தால் எல்லாப் படத்திலும் அந்தப் பொண்ணு முந்தானை நுனியை இறுக்கிப் பிடித்திருந்தது. முகம் சிரிக்கிறது, கை சிரிக்கவில்லை. ஆல்பம் வாங்க வந்தவள், "அக்கா, இதுல நான் பயந்துபோய் நிக்கேன்லா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன். பழகாத இருவரைப் பழகியவர்கள் மாதிரி நடிக்க வைத்துப் படம் எடுப்பதில்லை.

இப்போது முதல் அரை மணி நேரம் கேமரா பையைவிட்டு வெளியே வராது. ஒரு டீக்கடையில் உட்காருவோம். பெரியவர்கள் கூட வந்திருந்தால் அவர்களைக் கொஞ்சம் தள்ளி, பார்வை படாத இடத்தில் உட்காரச் சொல்லுங்கள். சித்தி ஒருத்தர் "நல்லா ஒட்டி நில்லு" என்று குரல் கொடுத்தால் போதும், அத்தோடு அந்தப் பொண்ணு கல்லாகிவிடும். இந்த நேரத்தில் பொண்ணிடம் தனியாகவும் மாப்பிள்ளையிடம் தனியாகவும் ஒரு கேள்வி கேளுங்கள்: கை கோத்து நிற்பதில் சங்கடம் உண்டா? சேர்த்து வைத்துக் கேட்டால் இருவருமே 'பரவாயில்லை' என்றுதான் சொல்வார்கள். தனியாகக் கேட்டால்தான் உண்மை வரும். வேண்டாம் என்றால் வேண்டாம். ஒரு முழம் தள்ளி நின்றே எத்தனையோ நல்ல படம் எடுக்கலாம். அந்த இடைவெளியில் ஒரு வெட்கம் இருக்கும். கல்யாணமாகி நாலு வருடம் கழித்து ஆல்பத்தைப் புரட்டும்போது அவர்களுக்கு அதுதான் பிடிக்கும்.

அப்புறம், நிற்கச் சொல்லாதீர்கள். ஏதாவது செய்யச் சொல்லுங்கள். நம் பக்கத்துக்கு ஒரு சௌகரியம் உண்டு. செங்கோட்டை 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது; அதற்கு முன் திருவிதாங்கூர்ச் சீமை. மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பொண்ணு எடுப்பதும் கொடுப்பதும் இன்றைக்கும் நடக்கிறது. உங்கள் மாப்பிள்ளைக்கு மலையாளம் வராது என்றால் ரொம்ப நல்லது. அவருடைய பெயரை மலையாள எழுத்தில் எழுதிக் காட்டச் சொல்லிப் பொண்ணின் கையில் ஒரு நோட்டையும் பேனாவையும் கொடுங்கள். அவர் குனிந்து பார்ப்பார், அதே மாதிரி எழுதிப் பார்ப்பார், தப்பாக எழுதுவார். அவள் திருத்துவாள். தலை இரண்டும் தானாகப் பக்கத்தில் வரும், நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. நான் ஒரு ஜோடிக்குப் பழக்கடையில் வாங்கிய கொடுக்காப்புளியை உரித்துச் சாப்பிடக் கொடுத்தேன். வீட்டு ஹாலில் அவர்கள் மாட்டியிருப்பது அந்தப் படத்தைத்தான்.

உடம்பு விஷயத்தில் இரண்டு மட்டும் நினைவில் இருக்கட்டும். இருவரும் கேமராவைப் பார்த்து நேராக நின்றால் ஆதார் அட்டைப் படம் மாதிரி இருக்கும். ஒருவரை நோக்கி ஒருவர் லேசாகத் திரும்பட்டும், பாரம் பின்காலில் இருக்கட்டும். உயர வித்தியாசம் அதிகம் என்றால் படிக்கட்டைத் தேடுங்கள்.

கேள்வி: புதிதாக 50 மி.மீ. லென்ஸ் வாங்கினேன். லென்ஸின் திறப்பை 1.8-ல் வைத்து எடுத்தால் பின்னணி அழகாக மங்குகிறது. ஆனால் ஜோடியில் ஒருவர் முகம்தான் தெளிவாக இருக்கிறது, இன்னொருவர் மங்கலாகிவிடுகிறார். லென்ஸில் பழுதா?
வாசகி, தென்காசி

பதில்: லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது தங்கச்சி. உங்களுடையது சின்ன சென்சார் உள்ள, அதாவது ஏபிஎஸ்-சி வகைக் கேமரா என்று நினைக்கிறேன். அதில் 50 மி.மீ. லென்ஸை 1.8-ல் திறந்து, இரண்டு மீட்டர் தூரத்தில் உள்ள முகத்துக்கு ஃபோகஸ் வைத்தால், தெளிவாக விழும் ஆழம் சுமார் 11 சென்டிமீட்டர்தான். அரைச் சாண் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை ஒரு தோள் பின்னால் நின்றாலே அந்த அரைச் சாணைத் தாண்டிவிடுவார். அதையே 4-க்குக் கொண்டுவந்தால் (எண் கூடினால் திறப்பு சின்னதாகும்) ஆழம் கிட்டத்தட்ட ஒரு சாண். இருவர் முகமும் உள்ளே அடங்கும். ஆரம்பத்தில் ஜோடிப் படத்துக்கு 4-ஐ விட்டு இறங்காதீர்கள்.

பின்னணி மங்க வேண்டும் என்றால் அதற்கு இன்னொரு வழி இருக்கிறது. ஜோடியைச் சுவரைவிட்டு, செடியைவிட்டுப் பத்தடி முன்னால் கொண்டுவாருங்கள். 4-லேயே பின்னால் இருப்பது கரைந்துவிடும். ஷட்டர் திறந்திருக்கும் நேரம் ஒரு வினாடியில் 200-ல் ஒரு பங்கைத் தாண்ட விடாதீர்கள். சிரிக்கும்போது தலை ஆடும், நமக்குத் தெரியாது. வெளிச்சம் குறைந்தால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை, ஏற்றுங்கள். புள்ளி விழுந்த படத்தைப் பிறகு சரி செய்யலாம், ஆடிப்போன முகத்தை ஒன்றும் செய்ய முடியாது.

கேள்வி: எங்கள் ஊர்ப் பக்கமே எடுக்கலாம் என்றால் சாயங்காலம் வெளிச்சம் சீக்கிரம் போய்விடுகிறது. எல்லோரும் 'சாயங்கால வெயில்தான் பொன்' என்கிறார்களே. எங்கே, எத்தனை மணிக்குப் போவது?
வாசகர், புளியரை

பதில்: சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். அந்தப் பொன் வெயில் பேச்செல்லாம் அடிவானம் திறந்து கிடக்கும் ஊர்க்காரர்கள் சொல்வது. நமக்கு மேற்கே மலை நிற்கிறது. காலண்டரில் அஸ்தமனம் ஆறரை என்று போட்டிருந்தாலும் மலையடிவாரத்தில் ஐந்தே முக்காலுக்கே வெயில் மலைக்குப் பின்னால் போய்விடும். வெளியூரிலிருந்து வந்த ஒரு ஜோடியை மேக்கரைக்கு ஐந்தரைக்கு வரச் சொல்லி, பத்து நிமிட வெயிலோடு நான் நின்றிருக்கிறேன்.

நமக்குப் பொன் காலையில்தான். கிழக்கே சமவெளி. சூரியன் எழும்பியதும் தடையில்லாமல் முகத்தில் விழும், பின்னால் மலை முழுக்க நீலமும் பச்சையுமாகத் தெரியும். ஆறு மணிக்கு இடத்தில் இருந்தால் எட்டு மணிக்குள் வேலை முடிந்துவிடும். பொண்ணு நாலு மணிக்கே எழுந்து தலைவாரிப் பூ வைக்க வேண்டும் என்பதை முந்தின வாரமே சொல்லிவிடுங்கள்.

சாயங்காலம்தான் வசதி என்றாலும் வருத்தப்பட வேண்டாம். வெயில் மலைக்குப் பின்னால் போன பிறகு வானம் மட்டும் வெளிச்சமாக இருக்கும் அரை மணி நேரம் இருக்கிறதே, அதில் முகத்தில் நிழலே விழாது. மூக்குக்குக் கீழே கறுப்பு இல்லை, கண்ணைச் சுருக்க வேண்டியதில்லை. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் அந்த வெளிச்சத்தைத்தான் சொல்வேன். மலையைத் தாண்டி தென்மலை, புனலூர் போனால் கணக்கு தலைகீழ். அங்கே காலையில் மலைக்கு மேலே ஏறி வர வெயிலுக்கு நேரமாகும், சாயங்காலம் நிதானமாக எடுக்கலாம். கல்லடையாற்றின் மேல் 1877-ல் கட்டிய புனலூர்த் தூக்குப்பாலம் அந்த நேரத்தில் ரொம்ப அழகு. பொண்ணு அந்த ஊர்தான் என்பதால் கடையநல்லூர்த் தம்பிக்கும் இதைச் சொல்லிவைக்கிறேன்.

ஜூலை, ஆகஸ்டில் எல்லோரும் சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தித் தோட்டத்துக்கு ஓடுகிறார்கள். நன்றாக விரிந்து முற்றிய சூரியகாந்தி சூரியனோடு சுற்றாது, கிழக்கு பார்த்தே நின்றுவிடும். அதனால் நீங்கள் கிழக்கே நின்று மேற்கே பார்த்து எடுத்தால்தான் பூவின் முகமும் பின்னால் மலையும் ஒரே படத்தில் வரும். எதிர்ப்பக்கம் நின்றால் காம்பும் முதுகும்தான். தோட்டக்காரரைக் கேட்காமல் வரப்பைத் தாண்டாதீர்கள். அது அவருடைய விளைச்சல். ஒரு செடி சாய்ந்தாலும் நஷ்டம் அவருக்கு. சாரல் காலத்தில் கணவாய்க் காற்று பலமாக அடிக்கும். தாவணி, ஷால் எல்லாம் முகத்தில் வந்து விழும். காற்றுக்கு எதிர்முகமாகப் பொண்ணை நிறுத்தினால் கூந்தல் பின்னால் போகும், அவ்வளவுதான். லென்ஸ் துடைக்க ஒரு பழைய பருத்தித் துணி சட்டைப்பையில் இருக்கட்டும்.

கழுதுருட்டிப் பக்கத்துப் பதிமூன்று கண் ரயில் பாலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1904-ல் இந்த ரயில் பாதை வந்தது. அந்தக் கல்வளைவுகளை ரோட்டுப் பக்கம் கீழே நின்று எடுத்தால்தான் அழகு முழுசாகத் தெரியும். மேலே ஏறித் தண்டவாளத்தில் ஜோடியை நிறுத்தும் படங்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. 2018-ல் அகலப்பாதையான பிறகு வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. வளைவும் குகையும் உள்ள மலைப்பாதையில் வண்டி பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும். அத்துமீறித் தண்டவாளத்தில் நுழைவது ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை உண்டு. தண்டவாளத்தில்தான் வேண்டும் என்று கேட்ட ஜோடிகளை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நீங்களும் அனுப்புங்கள்.

கேள்வி: எந்தக் கேமரா வாங்கலாம்?
வாசகர், வடகரை

பதில்: கையில் இருப்பதை வைத்து முதலில் பத்து ஜோடி எடுங்கள். வாங்கியே ஆக வேண்டும் என்றால் பழைய கேமரா உடம்பும் 50 மி.மீ. லென்ஸும் போதும். மிச்சப் பணத்துக்கு இரண்டு மெமரி கார்டும் ஒரு கூடுதல் பேட்டரியும் வாங்குங்கள். வெளிச்சத்தைத் திருப்பிவிட வெள்ளைத் தெர்மோகோல் அட்டை ஒன்று, இல்லையென்றால் இரண்டு பேர் விரித்துப் பிடிக்கும் வெள்ளை வேட்டி. என் அப்பா வேட்டியில்தான் செய்தார்.

கேள்வி: மாப்பிள்ளை நல்ல சிவப்பு, பொண்ணு கொஞ்சம் கருப்பு. 'பேனரில் ரெண்டு பேரும் ஒரே நிறமாத் தெரியணும், பொண்ணை வெளுப்பாக்கிடுங்க' என்கிறார்கள் வீட்டார். என்ன செய்வது?
வாசகர், ஆரியங்காவு

பதில்: வெளுப்பாக்கக் கூடாது. மண்டபத்துக்கு வருகிற நானூறு பேரும் வாசலில் பேனரைப் பார்த்துவிட்டு உள்ளே போய் மேடையைப் பார்ப்பார்கள். கல்யாணத்தன்று அந்தப் பொண்ணு மேடையில் நின்று அதைத் தாங்க வேண்டுமா? நான் வீட்டாரிடம் நேரடியாகவே சொல்லிவிடுவேன்: முகப்பரு இரண்டு நாளில் போய்விடும், அதைத் துடைத்துத் தருகிறேன், நிறம் அவளுடையது, அதைத் தொட மாட்டேன். சிலர் கோபப்பட்டு வேறு ஸ்டூடியோவுக்குப் போனார்கள். போகட்டும்.

ஆனால் இதில் நம் கைத்திறனுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. சிவந்த முகத்துக்குத் தக்கபடி வெளிச்சம் வைத்தால் கருத்த முகம் இருட்டில் போகும். அப்படி எடுத்துவிட்டு நிறத்தைக் குறை சொல்வது தவறு. ஜன்னலோ வானமோ, வெளிச்சம் வரும் பக்கத்தில் பொண்ணை நிறுத்துங்கள். மாப்பிள்ளை ஓரடி தள்ளி நிற்கட்டும். தெர்மோகோல் அட்டையை அவள் முகத்துப் பக்கம் பிடியுங்கள். கண்ணுக்குள் ஒரு வெள்ளைப் பொட்டு விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் முகம் உயிரோடு இருக்கும். மாப்பிள்ளை நெற்றி வெள்ளையாக எரிந்துவிடாதபடி வெளிச்ச அளவு வைத்து, ரா ஃபைலில் (கேமரா முழு விவரத்தோடு சேமிக்கும் கோப்பு) எடுங்கள்; நிழலைப் பிறகு கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம். கருப்பு நிறத்தில் வெளிச்சம் படும்போது கன்னத்தில் ஒரு பளபளப்பு வரும். அதைப் பவுடர் போட்டு மறைக்காமல் எடுத்துக் காட்டுங்கள். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு வெளுப்பைப் பற்றிப் பேசாத வீட்டார் நிறையப் பேர்.

கேள்வி: நான் படம் எடுத்து என் இணையப் பக்கத்தில் போட்ட ஒரு ஜோடிக்கு நிச்சயம் நின்றுபோய்விட்டது. பொண்ணு வீட்டார் படங்களை அங்கிருந்து எடுத்துவிடச் சொல்கிறார்கள். எனக்கு ரொம்பப் பேர் பாராட்டிய படம் அது. எடுத்துத்தான் ஆக வேண்டுமா?
வாசகர், செங்கோட்டை

பதில்: இதைப் படித்து முடித்ததும் எடுத்துவிடுங்கள். ஏன் நின்றது என்று கேட்காதீர்கள், யாரிடமும் சொல்லாதீர்கள். இனிமேல் போடுவதற்கு முன்பே இருவரிடமும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கல்யாணம் முடிந்த பிறகுதான் போடுவேன் என்று நீங்களாகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. நான் அப்படித்தான் செய்கிறேன்.

இன்னொன்றும் செய்யுங்கள். எனக்கும் ஒரு முறை இப்படி ஆனது. இரண்டு மாதம் கழித்து அந்தப் பொண்ணு மட்டும் தனியாக ஸ்டூடியோவுக்கு வந்தது. "அக்கா, அன்னைக்குக் கட்டியிருந்தது அம்மாவோட கல்யாணப் பட்டு. அந்தச் சேலையில நான் மட்டும் இருக்கிற மாதிரி ஏதாவது இருக்கா?" என்று கேட்டது. மாப்பிள்ளை தண்ணீர் குடிக்கப் போயிருந்தபோது சும்மா எடுத்த இரண்டே படம் இருந்தது. இரண்டையும் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. அன்றிலிருந்து எந்த ஜோடியை எடுத்தாலும் ஆளுக்கு ஐந்து படமாவது தனியாக எடுத்துவிட்டுத்தான் பையை மூடுகிறேன்.