தீமா எங்கே தோற்றான்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் பார்க்கச் சொன்ன ரஷ்ய இயக்குநர் யூரி பிகோவின் ‘துராக்’ (முட்டாள், 2014) படத்தைப் பார்த்தேன். முடிந்ததும் கோபம்தான் வந்தது. ஒரு பிளம்பர், குடியிருப்பு ஒன்று இடிந்து விழப்போகிறது என்று கண்டுபிடித்து அங்கிருக்கும் 820 பேரைக் காப்பாற்ற ராத்திரி முழுக்க அலைகிறான். கடைசியில் அவன் யாருக்காக அலைந்தானோ அவர்களே அவனை அடித்துப் போடுகிறார்கள். நேர்மையாக இருந்தால் இதுதான் கதி என்று சொல்ல ஒரு படம் வேண்டுமா? நானும் ஒரு கோப்பில் கையெழுத்துப் போட மறுத்து, வேலை செய்யும் இடத்தில் ஒதுக்கப்பட்டவன். இருந்த கொஞ்சத் தைரியத்தையும் இந்தப் படம் எடுத்துக்கொண்டது. தவிர, அந்த மேயர் மேல் இயக்குநருக்கு ஏன் இவ்வளவு பரிவு?

ர.

அன்புள்ள ர.,

கையெழுத்துப் போட மறுத்ததை ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். ஆனால் கடிதம் முழுக்க அங்கிருந்துதான் வருகிறது என்று எனக்குத் தோன்றியது. அதனால் இதை வெறும் சினிமாப் பேச்சாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. படத்தை நீங்கள் புரிந்துகொண்ட விதத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை, ஏன் என்று சொல்கிறேன்.

அந்த விருந்துக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மேயர் நீனாவின் ஐம்பதாவது பிறந்தநாள், ஊரை ஆள்கிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். பிளம்பர் தீமா உள்ளே வந்து, ஒன்பது மாடிக் கட்டடத்தில் கீழிருந்து உச்சி வரை விரிசல் ஓடியிருக்கிறது, இனி தாங்காது என்கிறான். கவனித்தீர்களா, அவன் சொல்வது பொய் என்று கடைசிவரை யாரும் சாதிப்பதில்லை. தீயணைப்புத் துறைத் தலைவரும் குடியிருப்புத் துறைத் தலைவரும் அவனோடு போய்ப் பார்த்துவிட்டு, ஆமாம், விழத்தான் போகிறது என்று வந்து சொல்கிறார்கள். வழக்கமான படங்களில் நேர்மையானவன் உண்மையை நிரூபிப்பதற்குத்தான் போராடுவான், நிரூபித்துவிட்டால் ஜெயித்துவிடுவான். இங்கே உண்மை பாதியிலேயே நிரூபணமாகிவிடுகிறது, அதற்குப் பிறகும் எதுவும் நகரவில்லை.

ஏன் நகரவில்லை? 820 பேரை வெளியேற்றினால் அன்று இரவே தங்க இடம் வேண்டும். இடம் கேட்டு மேலே போனால், பழுதுபார்க்க ஒதுக்கிய பணம் என்ன ஆயிற்று என்ற கேள்வி வரும். அந்தப் பணம் மேயரிலிருந்து துறைத் தலைவர்கள் வரை, அவர்களுக்கும் மேலே வரை பங்கு போயிருக்கிறது. அந்த அறையில் அவர்கள் ஒருவர் வாங்கியதை ஒருவர் சொல்லிக்காட்டிச் சண்டை போடும்போதுதான் ஊரின் மொத்தக் கணக்கும் நமக்குத் தெரியவருகிறது, எனக்குப் படத்தில் மிகவும் பிடித்த பகுதி அது. ஜார் காலத்து ரஷ்யக் கிராமங்களில் 1903 வரை ஒரு ஏற்பாடு இருந்தது, ஊர் முழுக்கச் சேர்ந்து வரிக்குப் பொறுப்பு, ஒருவன் கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும். இந்த அதிகாரிகள் திருட்டில் அப்படித்தான் ஒருவரோடு ஒருவர் பிணைந்திருக்கிறார்கள். ஒருவருக்கு மனசு மாறினாலும் வாயைத் திறக்க முடியாது, திறந்தால் எல்லோரும் மாட்டுவார்கள்.

மேயரை இங்கே வைத்துத்தான் பார்க்கவேண்டும். நீனா முதலில் ஆட்களை வெளியேற்றத்தான் நினைக்கிறாள். நத்தாலியா சுர்கோவா அந்தத் தடுமாற்றத்தை அவ்வளவு நன்றாக நடித்திருப்பதால் உங்களுக்கு அது பரிவாகத் தெரிந்திருக்கலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. கல்நெஞ்சக்காரி செய்திருந்தால் அவள் குணம் அப்படி என்று விட்டுவிடலாம். நல்லது கெட்டது தெரிந்தவள், அழக்கூடத் தெரிந்தவள், அப்புறமும் அந்த மக்களை உள்ளேயே விடுகிறாள் என்றால் அவள் குற்றம் கூடத்தான் செய்கிறது. பழியைப் போட, கட்டடத்தைப் பார்த்துவந்த அந்த இரண்டு துறைத் தலைவர்களைத் தேர்ந்தெடுத்துத் தீர்த்துக்கட்டவும் துணிகிறார்கள். சாகப்போகும் நேரத்தில் அந்தக் குடியிருப்புத் துறைத் தலைவர், தீமாவைக் காட்டி, இந்தப் பையனையாவது விட்டுவிடுங்கள் என்று கெஞ்சுகிறாரே, அவரும் திருடியவர்தான். பிகோவ் யாரையும் அரக்கனாகக் காட்டாததால்தான் இந்தப் படம் இவ்வளவு வலிக்கிறது.

சரி, முடிவுக்கு வருகிறேன். அந்த இரவே ஊரைவிட்டுப் போய்விடு என்று சொல்லி தீமாவை விடுகிறார்கள். மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு கிளம்பியும்விட்டான். வழியில் பார்த்தால் அந்தக் கட்டடத்திலிருந்து யாரையும் வெளியேற்றவில்லை. அவர்கள் நமக்கு யார் என்று மனைவி கேட்கிறாள். நாம் ஒருவருக்கொருவர் யாருமே இல்லை என்று இருப்பதால்தான் இப்படி மிருகங்களாக வாழ்ந்து சாகிறோம் என்ற மாதிரி பதில் சொல்லிவிட்டு இறங்கிப் போகிறான். தனியாகப் போகிறான், அதுதான் விஷயம். கதவு கதவாகத் தட்டி எல்லோரையும் வெளியே வரவைக்கிறான். வெளியே வந்தவர்கள் பார்க்கிறார்கள், கட்டடம் நின்றுகொண்டிருக்கிறது, அடிக்கிறார்கள். நீங்கள் அதை நன்றிகெட்டத்தனம் என்று பார்க்கிறீர்கள். இவர்கள் நல்லதற்குத்தான் கதவைத் தட்டுகிறார்கள் என்று நம்பும்படி அந்த மக்களிடம் இதுவரை யார் நடந்துகொண்டார்கள்? நிர்வாகம் தின்றது பழுதுபார்க்கும் பணத்தை மட்டும் இல்லை, ஒரு மனிதன் சொல்வதை இன்னொரு மனிதன் நம்புவதையும் சேர்த்துத்தான் தின்றிருக்கிறது.

தீமாவின் நேர்மை தோற்றது என்று நீங்கள் எழுதுகிறீர்கள். அவன் தனி ஆளாக இருந்தது தோற்றது என்று நான் பார்க்கிறேன். கூட இன்னும் நாலு பேர் மாடி மாடியாகத் தட்டியிருந்தால் அந்தக் கூட்டம் வேறு மாதிரி நின்றிருக்கும். அவனைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் அவன் அப்பா, அவரும் வீட்டில் ஏச்சு வாங்கிக்கொண்டு வாய்மூடி இருக்கிறார். கடைசிப் பத்து நிமிடத்தில் நாயகன் ஒற்றை ஆளாக எல்லோரையும் சிறைக்கு அனுப்பும் படங்கள் தைரியம் தருவதுபோல இருக்கும். ஆனால் உங்களைப் போன்ற ஒருவர் மறுநாள் அலுவலகத்துக்குப் போய் உட்காரும்போது அவற்றால் என்ன பயன்?

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. அந்தக் கோப்பு உங்கள் மேசைக்கு மட்டுமா வந்தது? உங்களுக்கு முன்னால் தயங்கியவர்கள், கையெழுத்துப் போட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கச் சங்கடப்படுகிறவர்கள் யாராவது இருக்கிறார்களா? இருந்தால் முதலில் அவர்களிடம் பேசிப் பாருங்கள். மறுத்ததற்கான காரணத்தைத் தேதி போட்டு எழுத்தில் கொடுத்து, ஒரு பிரதியை உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள்.

தீமாவாக நடித்த ஆர்த்யோம் பிஸ்த்ரோவ் 2014 லொகார்னோ திரைவிழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கினார். பிகோவின் முந்தைய படம் ‘மேஜர்’ (2013), ஒரு போலீஸ்காரர் காரில் போகும்போது ஒரு சிறுவனை மோதிக் கொன்றுவிட, சகாக்கள் அதை மூடிமறைக்க இறங்குகிறார்கள். அங்கே கதை அதிகார அமைப்புக்குள் இருப்பவனுடையது. கோபம் கொஞ்சம் ஆறிய பிறகு அதையும் பாருங்கள், பார்த்துவிட்டு எழுதுங்கள்.