பிளேடு ஏன் கோடு மாறுகிறது? ஸ்க்ரோல் சா வேலைப்பாடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடிக்கொண்டிருக்க, பலகையை விரல்களால் திருப்பித் திருப்பி வெட்டும் ஸ்க்ரோல் சா பற்றி வந்த கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். கேட்டவர்களில் பெரும்பாலோர் தம் இயந்திரத்தில்தான் ஏதோ பழுது என்று நினைக்கிறார்கள். அப்படி உண்மையிலேயே பழுதாக இருப்பது அரிது என்பதைப் பதில்களில் காணலாம்.

கேள்வி: நேர்கோட்டில் வெட்ட முயன்றாலும் பிளேடு எப்போதும் ஒரே பக்கமாக விலகிச் செல்கிறது. இயந்திரத்தை மாற்ற வேண்டுமா?

மாற்ற வேண்டாம். சாதாரண ஸ்க்ரோல் சா பிளேடுகள் எஃகுப் பட்டையில் பல் வெட்டித் தயாரிக்கப்படுகின்றன. அப்போது பல்லின் ஒரு பக்கத்தில் மட்டும் நுண்ணிய பிசிறு எஞ்சிவிடுகிறது. பிசிறுள்ள பக்கம் மற்றப் பக்கத்தைவிடக் கூர்மையாக இருப்பதால், பிளேடு அந்தப் பக்கமே மரத்தை எளிதாகத் தின்று, பெரும்பாலும் வலப்புறமாக விலகுகிறது. பட்டை ரம்பத்திலோ மேசை ரம்பத்திலோ பழகியவர்கள் பலகையை நேரே முன்னால் தள்ளுவதுதான் முறை என்று எண்ணுவதால் இது அவர்களுக்குப் பெரும் குறையாகத் தெரிகிறது.

செய்ய வேண்டியது எளிது. வேண்டாத பலகை ஒன்றில் நீண்ட நேர்கோடு வரைந்து, அந்தக் கோட்டிலேயே பிளேடு நிற்குமாறு பலகையைத் தேவையான அளவு திருப்பியபடி மெதுவாக வெட்டிப் பாருங்கள். சில பாகைகள் சாய்வாக ஊட்டும்போது பிளேடு கோட்டை விடாமல் செல்வதைக் காண்பீர்கள். அந்தச் சாய்வு கைக்குப் பழகிவிட்டால், பிறகு அதைப் பற்றி நினைக்கக்கூட மாட்டீர்கள். பற்களை அரைத்துத் தயாரிக்கும் உயர்தர பிளேடுகளில் இந்த விலகல் குறைவு; ஆனால் விலகலைச் சமாளிக்கக் கற்றுக்கொள்ளாமல் விலை உயர்ந்த பிளேடுக்குத் தாவுவதை நான் பரிந்துரைப்பதில்லை.

விலகல் திடீரென்று கூடினால் காரணம் வேறு. பிளேடு மழுங்கியிருக்கும், அல்லது இறுக்கம் தளர்ந்திருக்கும், அல்லது உங்கள் கை பலகையைப் பக்கவாட்டில் அழுத்திக்கொண்டிருக்கும். மூன்றாவதுதான் மிகுதியாக நிகழ்வது. வெட்டுவது பிளேடின் வேலை, பலகையைத் திருப்புவது மட்டுமே கையின் வேலை.

கேள்வி: பிளேடுகளுக்கு 1, 3, 5, 7, 9 என்று எண்கள் இருக்கின்றன. எதை வாங்குவது?

எண் கூடக் கூட பிளேடு அகலமாகவும் தடிமனாகவும் ஆகும், பல்லும் பெரிதாகும். தொடங்குபவர் 3, 5, 7 ஆகிய மூன்று எண்களை வைத்துக்கொண்டால் ஏறத்தாழ எல்லா வேலையையும் செய்துவிடலாம். 3 மி.மீ. முதல் 6 மி.மீ. வரையிலான பிளைவுட்டில் நுண்ணிய வளைவுகளுக்கு 3 அல்லது அதனினும் சிறியது. 12 முதல் 20 மி.மீ. வரையிலான கட்டை மரத்துக்கு, அதாவது பிளைவுட் அல்லாத முழு மரத்துக்கு, 5 அல்லது 7. அதற்கும் மேற்பட்ட தடிமனுக்கு 9. மென்மரமா, கடினமரமா என்பதைப் பொறுத்து ஒரு படி மேலோ கீழோ செல்லலாம்.

பல்லின் அமைப்பையும் கவனியுங்கள். பிளேடின் அடிப்பகுதியில் சில பற்கள் மட்டும் மேல்நோக்கித் திரும்பியிருக்கும் வகை ஒன்று உண்டு. பிளேடு மேலே ஏறும்போது அந்தப் பற்கள் பலகையின் அடிப்பரப்பைச் சுத்தமாக வெட்டுவதால் அங்கே சிராய் கிளம்புவது வெகுவாகக் குறைகிறது. பிளைவுட்டில் வேலை செய்பவருக்கு நான் முதலில் சொல்வது இந்த வகையைத்தான். எந்தப் பக்கமும் வெட்டக்கூடிய முறுக்குக் கம்பி போன்ற சுருள் பிளேடு, பலகையைத் திருப்ப இடமில்லாத பெரிய படங்களுக்கு உதவும், ஆனால் வெட்டுப்பரப்பு கரடுமுரடாகிவிடும்.

பிளேடைப் பொருத்தும்போது பற்கள் கீழ்நோக்கி இருக்கின்றனவா என்று பாருங்கள். மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு விரலை மிக மெதுவாகக் கீழிருந்து மேலாக நகர்த்தினால் பற்கள் விரலைப் பற்ற வேண்டும். தலைகீழாகப் பொருத்தினால் பலகை துள்ளிக் குதிக்கும்.

கேள்வி: என்னிடம் இருக்கும் இயந்திரம் முனையில் குறுக்கு ஊசி உள்ள பிளேடை மட்டுமே ஏற்கிறது. இதில் ஜாலி வேலை (பலகையில் துளை துளையாக வெட்டியெடுத்துச் செய்யும் வலைப்பின்னல் வேலைப்பாடு) செய்ய முடியுமா?

பெரிய துளைகள் உள்ள எளிய வடிவங்களைச் செய்யலாம். நுண்ணிய ஜாலிக்கு இது பொருந்தாது. குறுக்கு ஊசி நுழையும் அளவுக்குத் துளை போட வேண்டியிருப்பதால், அந்தத் துளையே வெட்ட வேண்டிய இடைவெளியைவிடப் பெரிதாகிவிடும். ஊசியற்ற பிளேடு 1.5 மி.மீ. துளையிலும் நுழைந்துவிடும். ஊசியற்ற பிளேடைப் பிடிக்கும் இணைப்புகள் சில இயந்திரங்களுக்குக் கிடைக்கின்றன. புதிதாக வாங்குபவராக இருந்தால் இதை முதலிலேயே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஜாலி வேலையில் பாதி வெட்டிய பிறகு மெல்லிய கொடிகள் ஒடிந்துவிடுகின்றன. எத்தனை கவனமாக இருந்தும் இதே நிலைதான். என்ன செய்வது?

இந்தக் கேள்வியை எழுதியவரின் வருத்தம் எனக்கு நன்றாகவே புரிகிறது. பல மணி நேர உழைப்பு கடைசி வளைவில் ஒடியும்போது உண்டாகும் வலி சாதாரணமானதல்ல. கவனக்குறைவைவிட, வெட்டும் வரிசையும் மரத்தின் ரேகையும்தான் (மரத்தின் நார்கள் ஓடும் திசை) இதற்குக் காரணமாக இருக்கும்.

முதலில் ரேகை. கட்டை மரத்தில் ரேகையின் ஓட்டத்துக்குக் குறுக்கே நிற்கும் மெல்லிய பகுதி, ஒரு சில நார்களின் ஒட்டுதலில் மட்டுமே நிற்கிறது, தொட்டால் ஒடிந்துவிடும். ஆகவே வடிவத்தாளை ஒட்டுவதற்கு முன்பே, மிக நீளமான, மிக மெல்லிய பகுதிகள் ரேகையோடு போகுமாறு தாளைத் திருப்பி வையுங்கள். வடிவம் எல்லாத் திசையிலும் மெலிந்திருந்தால் கட்டை மரத்தை விட்டுவிட்டு, அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்ட நல்ல பிர்ச் பிளைவுட்டைப் பயன்படுத்துங்கள்.

அடுத்து வரிசை. வெளிக்கோட்டை முதலில் வெட்டிவிட்டால், உள்ளே வெட்டும்போது பிடித்துக்கொள்ளவும் தாங்கவும் பலகை இருக்காது. உட்புறத் துளைகளை முடித்த பிறகே வெளிக்கோட்டுக்கு வர வேண்டும். உட்புறத்திலும் நடுவிலிருந்து தொடங்கி விளிம்பை நோக்கி வாருங்கள். மிகச் சிறிய துளைகள் முதலில், பெரிய இடைவெளிகள் பின்னர். பெரிய இடைவெளியை முதலில் எடுத்துவிட்டால் அதன் அருகிலுள்ள கொடி தாங்கலின்றி அதிரும், அந்த அதிர்விலேயே அது ஒடியும்.

வெட்டியெடுத்த துண்டுகளை உடனே தூக்கி எறியாமல், பெரியவற்றை மட்டும் மீண்டும் தம் இடத்தில் வைத்து மேலே மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுவது என் வழக்கம். அது பலகைக்கு மறுபடியும் உறுதி தருகிறது. அப்படியும் ஒன்று ஒடிந்தால் அந்தத் துண்டைத் தேடி எடுத்து, மெல்லிய குச்சி முனையால் பசை தொட்டு அன்றைக்கே ஒட்டிவிடுங்கள். முறிவு புதிதாக இருக்கும்போது நார்கள் ஒன்றோடொன்று பொருந்தி, ஒட்டிய இடம் தெரியாமல் போகும்.

கேள்வி: கடினமரத்தில் வெட்டும்போது ஓரங்கள் கருகுகின்றன.

மேப்பிள், செர்ரி போன்ற மரங்கள் எளிதில் கருகும். மழுங்கிய பிளேடை மாற்றுங்கள், ஒரு எண் பெரிதான பிளேடைப் போடுங்கள், வேகத்தைச் சற்றுக் குறையுங்கள். வடிவத்தாளின் மேல் பெட்டிகளை ஒட்டும் ஒளிபுகு டேப்பை ஒட்டி வெட்டினால் கருகல் கண்ணெதிரே குறைவதைப் பார்க்கலாம். அந்த டேப்பின் வழுக்கும் பூச்சு பிளேடுக்கு உராய்வு குறையச் செய்கிறது.

கேள்வி: இயந்திரத்தின் மேசை பிளேடுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று எப்படி உறுதி செய்வது? சாய்வு காட்டும் முள் பூச்சியத்தில்தான் இருக்கிறது.

அந்த முள்ளை நம்பாதீர்கள். சிறிய மூலைமட்டத்தைப் பிளேடின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது ஒரு வழி. அதனினும் நுட்பமான வழி இது: 40 மி.மீ. உயரமுள்ள கட்டை ஒன்றில் பிளேடால் இரண்டு மி.மீ. ஆழத்துக்கு மட்டும் வெட்டி நிறுத்துங்கள். கட்டையை மேசையிலேயே பிளேடின் பின்பக்கம் கொண்டுபோய்த் திருப்பி, வெட்டுவாயை (பிளேடு வெட்டிய பிளவை) பிளேடின் முதுகில் நுழையுங்கள். தடையின்றி நுழைந்தால் மேசை செங்குத்து. நுழைய மறுத்தால் சாய்வு இருக்கிறது, அதுவும் இருமடங்காக உங்களுக்குக் காட்டப்படுகிறது.

கட்டையின் இரு முகங்களிலும் வரைந்து வெட்டிச் சதுரங்கக் காய்கள் செய்பவர்கள் ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும். அரைப் பாகைச் சாய்வு இருந்தாலும் காய் கட்டைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

கேள்வி: இரு நிற மரங்களை ஒன்றுக்குள் ஒன்று இடைவெளி தெரியாமல் பதிக்கிறார்களே, பிளேடின் தடிமன் அளவுக்கு இடைவெளி விழாதா?

இரு பலகைகளை அடுக்கிச் செங்குத்தாக வெட்டினால் கட்டாயம் விழும். மேசையைச் சாய்த்து வெட்டுவதில்தான் இதன் சூட்சுமம் இருக்கிறது. ஸ்க்ரோல் சா செய்யக்கூடியவற்றில் என்னை இன்றும் வியக்க வைக்கும் வேலை இது.

இரு பலகைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, உள்ளே வெட்டப்படும் துண்டு மேலே அகன்றும் கீழே குறுகியும் ஆப்பு வடிவில் வருமாறு மேசையைச் சாய்த்து வெட்ட வேண்டும். அப்போது மேல்பலகையின் துண்டு, கீழ்ப்பலகையின் குழிக்குள் இறங்கி, சரியாக ஒரு பலகைத் தடிமன் இறங்கியதும் ஆப்பைப் போல் இறுகி நின்றுவிடும். பிளேடு தின்ற மரத்தின் இடத்தை அந்தச் சாய்வே நிரப்பிவிடுகிறது.

சாய்வு எவ்வளவு என்பதற்குக் கணக்கு உண்டு. வெட்டுவாயின் அகலத்தைப் பலகையின் தடிமனால் வகுத்தால் வருவது, தேவையான கோணத்தின் சைன் மதிப்பு. வெட்டுவாய் 0.5 மி.மீ., பலகை 6 மி.மீ. என்றால் கோணம் ஏறத்தாழ 5 பாகை. பலகை 3 மி.மீ. என்றால் 10 பாகைக்குச் சற்றே குறைவு. பலகை மெலிய மெலியச் சாய்வு கூடுவதைக் கவனியுங்கள். கணக்கில் கிடைப்பது தொடக்கப் புள்ளிதான், அதே பலகைகளின் எச்சத்தில் சிறு வட்டம் ஒன்றை வெட்டிப் பார்த்து, துண்டு முழுதாக இறங்காவிட்டால் சாய்வைச் சற்றுக் குறைத்தும், தொளதொளவென்று இறங்கினால் கூட்டியும் சரிசெய்துகொள்ளுங்கள்.

இரண்டு இடங்களில் தவறு நேரும். தொடக்கம் முதல் இறுதி வரை பலகையை ஒரே சுற்றுத் திசையில்தான் ஊட்ட வேண்டும். நடுவில் திசை மாறினால் அந்த இடத்தில் ஆப்பின் சாய்வு தலைகீழாகிவிடும். பிளேடு நுழையும் துளையையும் அதே சாய்வில், முடிந்தவரை மெல்லியதாக, கண்ணில் படாத மூலை ஒன்றில் போடுங்கள்.

கேள்வி: ஒரே வடிவத்தைப் பல பலகைகளில் ஒரே தடவையில் வெட்டுவது சரியான முறைதானா?

முற்றிலும் சரியான, மிகப் பழைய முறை. பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயியின் மரச்சாமான் கைவினைஞரான ஆந்த்ரே-ஷார்ல் பூல் (1642–1732) பெயரால் அறியப்படும் வேலைப்பாட்டில், ஆமையோட்டுத் தகட்டையும் பித்தளைத் தகட்டையும் சேர்த்து அடுக்கி ஒரே தடவையில் வெட்டினார்கள். அதனால் ஆமையோட்டில் பித்தளை பதித்த பலகை ஒன்றும், பித்தளையில் ஆமையோடு பதித்த அதன் எதிர்ப்படி ஒன்றும் சேர்ந்தே கிடைத்தன.

நீங்கள் 3 மி.மீ. பலகைகளில் நான்கைந்தை இருபுறமும் ஒட்டும் டேப்பாலோ, விளிம்பைச் சுற்றிய மாஸ்கிங் டேப்பாலோ இணைத்து வெட்டலாம். அடுக்கு 20 மி.மீ. அளவைத் தாண்டினால் கூர்மையான வளைவுகளில் பிளேடு வளைந்து, மேல்பலகையும் கீழ்ப்பலகையும் வேறுபட்டுவிடும்.

கேள்வி: என் மூன்று வயது நிறையாத மகளுக்குப் பலகையில் படப்புதிர் செய்ய விரும்புகிறேன்.

நல்ல எண்ணம். லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி 1760களில் பலகையில் ஒட்டிய நிலப்படங்களை நாட்டெல்லைகளின்படி அறுத்து, பிள்ளைகள் புவியியல் கற்க விற்றதிலிருந்து இந்த விளையாட்டு மரத்தில்தான் வளர்ந்தது.

ஆனால் அளவில் கண்டிப்பாக இருங்கள். மூன்று வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளைச் சோதிக்கும் உருளையின் விட்டம் 31.7 மி.மீ.; அதற்குள் முழுதாக அடங்கிவிடும் எந்தத் துண்டும் குழந்தையின் தொண்டையில் அடைக்கக்கூடும். உங்கள் துண்டுகள் அதைவிட மிகப் பெரியவையாக, குறைந்தது 60 மி.மீ. இருக்கட்டும். 12 மி.மீ. தடிமனாவது வையுங்கள், விளிம்புகளை உப்புத்தாளால் உருட்டுங்கள், உடைந்துவிடக்கூடிய மெல்லிய கழுத்துகளைத் தவிருங்கள். பூச்சு எதுவானாலும் முழுமையாக உலர்ந்து வாடை போன பிறகே கையில் கொடுங்கள்.

கேள்வி: ஜாலிக்குள் தூரிகை நுழைவதில்லை. எப்படி மெருகேற்றுவது?

அகலமான தட்டில் ஆளிவிதை எண்ணெயையோ டேனிஷ் எண்ணெயையோ ஊற்றி, வேலைப்பாட்டை முழுதாக அமிழ்த்தி எடுத்து, வடியவிட்டுத் துடைத்துவிடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது வெப்பம் பிறக்கிறது. சுருண்ட துணிக்குள் அந்த வெப்பம் தங்கி, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். திறந்த வெளியில் விரித்துக் காயவிட்டு, விறைத்த பிறகு அப்புறப்படுத்துங்கள்.

கேள்வி: சிறிய இயந்திரம்தானே, முகமூடி அவசியமா?

அவசியம். ஸ்க்ரோல் சா எழுப்பும் தூள் குறைவுதான், ஆனால் மிக நுண்ணியது, அதுவும் குனிந்து பார்க்கும் உங்கள் மூக்கின் கீழேயே எழுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே மரத்தூளை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. என்95 முகமூடியும், தூளை இழுக்கும் குழாயைப் பிளேடின் அருகே பொருத்துவதும் போதும். கோட்டிலிருந்து தூளை ஊதித் தள்ளும் சிறு குழாயின் காற்று உங்கள் முகத்தை நோக்கி வராதபடி திருப்பிவையுங்கள்.